வாழ்த்துக் கடிதம் வேறு, நிதிக் கடிதம் வேறு

பயோமெடிக்கல் பிஎச்.டி.க்கு விண்ணப்பித்த பிள்ளைகள் உள்ள வீடுகளில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் நடக்கும் தவறுகள் வருஷத்துக்கு வருஷம் மாறுவதே இல்லை. 'வாழ்த்துகள்' என்று தொடங்கும் மின்னஞ்சல் ஒன்று வந்ததும் அன்று மாலையே மற்ற இடங்களுக்கு வேண்டாம் என்று எழுதிவிடுகிறார்கள். பேராசிரியர் ஒருவர் போனில் 'வெள்ளிக்கிழமைக்குள் சொல்லிவிடு' என்றதற்காக அவசர அவசரமாகச் சம்மதம் தெரிவிக்கிறார்கள். இல்லையென்றால் நாலு இடத்து அழைப்பையும் மடியில் கட்டிக்கொண்டு கடைசி நாள் வரை யாருக்கும் பதில் சொல்வதில்லை. மருந்து நிறுவனங்கள் சூழ்ந்த நியூ ஜெர்சியின் பிரிட்ஜ்வாட்டரில், ரட்கர்ஸ் ஆய்வகங்கள் பக்கத்துப் பிஸ்காட்டவேயிலேயே இருக்கும்போது, விஷயம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் யோசனை கேட்பது பாலாஜி கோயில் கேன்டீன் வரிசையிலும் வாட்ஸ்அப் குழுவிலும்தான். வந்த கடிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வாசிப்பவர்கள் குறைவு. நான் சொல்ல வருவது ஒன்றுதான். வாழ்த்துக் கடிதம் ஒரு நல்ல சேதி, அவ்வளவே. எத்தனை ஆண்டுக்கு, எவ்வளவு பணம், என்ன நிபந்தனை என்று எழுத்தில் வருகிற நிதிக் கடிதம்தான் இடம். அது வரும்வரை கையில் உள்ள எதையும் விடக் கூடாது. வந்த பிறகு தேவையில்லாத எதையும் பிடித்து வைத்திருக்கக் கூடாது.

2025-இல் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 7 அன்று, நாட்டின் மருத்துவ ஆய்வுக்குப் பெரும்பணம் கொடுக்கும் என்.ஐ.எச்., தன் மானியங்களில் மறைமுகச் செலவுக்கான பங்கை 15 சதவீதத்தோடு நிறுத்தப்போவதாக அறிவித்தது. கட்டடம், மின்சாரம், அலுவலகம் போன்றவற்றுக்காகப் பல்கலைக்கழகங்களுக்குப் போகும் பணம் அது. பல இடங்களில் 50 சதவீதத்தையும் தாண்டியிருந்தது. நீதிமன்றம் அந்த உத்தரவைத் தடுத்துவிட்டது. ஆனால் பல்கலைக்கழகங்கள் அதற்குள் கணக்குப் போட ஆரம்பித்திருந்தன. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் பிஎச்.டி. சேர்க்கையைச் சில நாள் நிறுத்திவைத்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகம் சேர்க்கை எண்ணிக்கையைக் குறைத்தது. வூஸ்டரில் உள்ள யூமாஸ் சான் மருத்துவப் பள்ளி, அந்த ஆண்டு இலையுதிர் பருவத்தில் பயோமெடிக்கல் பிஎச்.டி.யில் சேரவிருந்தவர்களுக்குக் கொடுத்திருந்த அழைப்புகளை மார்ச்சில் திரும்பப் பெற்றுக்கொண்டது. நேர்முகம் நடத்தி, பாராட்டி, கூப்பிட்ட பிறகு! இந்தத் துறையில் மாணவர் கட்டணம் கட்டிப் படிப்பதில்லை. பல்கலைக்கழகம்தான் மாணவருக்கு உதவித்தொகை கொடுத்து, கல்விக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்கிறது. பெரும்பாலும் அது மானியப் பணம். பணம் ஆடினால் இடமும் ஆடும்.

ஆகவே கடிதத்தில் என்ன பார்க்க வேண்டும் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஆண்டு உதவித்தொகை எவ்வளவு, அது 9 மாதத்துக்கா 12 மாதத்துக்கா. கல்விக் கட்டணம் முழுதும் தள்ளுபடியா. மாணவர் கட்டணம் என்று தனியாகப் பிடிப்பது உண்டா. மருத்துவக் காப்பீட்டின் பிரீமியத்தை யார் கட்டுகிறார்கள். முதல் ஆண்டுக்குப் பிறகு பணம் யாருடைய பொறுப்பு. இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் யாரும் கேட்பதில்லை. பல திட்டங்களில் முதல் ஆண்டு பல்கலைக்கழகப் பணத்தில் ஓடும். மாணவர் ஆய்வகம் ஆய்வகமாகச் சுற்றிவந்து ஓரிடத்தில் சேர்ந்ததும் அந்தப் பேராசிரியரின் மானியத்திலிருந்து சம்பளம் வரும். பேராசிரியரின் மானியம் பாதியில் நின்றால் துறை ஏற்றுக்கொள்ளுமா என்பது எழுத்தில் இருக்க வேண்டும். 'திருப்தியான முன்னேற்றத்தைப் பொறுத்து' என்றிருந்தால் அது வழக்கமான வரி, கவலை வேண்டாம். 'நிதி கிடைப்பதைப் பொறுத்து' என்றிருந்தால் அங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, திட்டத்தின் ஒருங்கிணைப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: இது எல்லா ஆண்டுகளுக்கும் பொருந்துமா, முதல் ஆண்டுக்காவது நிதி ஒதுக்கியாகிவிட்டதா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். போனில் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள். போர்ட்டலில் இருக்கும் கடிதத்தை அன்றைக்கே பிடிஎஃப்பாக இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அழைப்பை ரத்து செய்தவர்கள் அந்தப் பக்கத்தை உங்களுக்காக விட்டுவைப்பார்கள் என்று நம்ப வேண்டாம்.

அடுத்தது தேதி. கவுன்சில் ஆஃப் கிராஜுவேட் ஸ்கூல்ஸ் என்ற அமைப்பின் 'ஏப்ரல் 15 தீர்மானம்' என்று ஒன்று இருக்கிறது. அதில் கையெழுத்திட்ட பல்கலைக்கழகங்களின் பட்டியலை அந்த அமைப்பின் இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு ஏப்ரல் 15-க்கு முன்னால் பதில் சொல்ல மாணவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை என்பது அதன் சாரம். அவசரப்பட்டு முன்னாலேயே சம்மதம் சொல்லியிருந்தால்கூட, அந்தத் தேதிவரை எழுத்துமூலம் விலகிக்கொள்ளலாம். அந்தத் தேதி தாண்டினாலும், முதல் இடத்திலிருந்து விலகுவதை எழுத்தில் தெரிவிக்காமல் இன்னொன்றை ஏற்கக் கூடாது. 'வெள்ளிக்கிழமைக்குள் சொல்' என்ற பேராசிரியர் வேண்டுமென்றே ஏமாற்றுகிறார் என்று சொல்ல மாட்டேன். பல சமயம் அவருக்கே இந்தத் தீர்மானம் தெரிந்திருக்காது. அவரோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். 'உங்கள் பல்கலைக்கழகம் ஏப்ரல் 15 தீர்மானத்தில் கையெழுத்திட்டிருப்பதைப் பார்த்தேன், அந்தத் தேதிக்குள் முடிவைத் தெரிவிக்கிறேன்' என்று பணிவாக இரண்டு வரி எழுதி, ஒருங்கிணைப்பாளருக்கும் பிரதி அனுப்பினால் போதும். அதற்கும் மசியவில்லை என்றால் பட்டமேற்படிப்புப் பள்ளியின் டீன் அலுவலகத்துக்கு எழுதலாம். கவுன்சில் யாரையும் தண்டிக்கப்போவதில்லை. ஆனால் டீன் அலுவலகங்கள் தங்கள் கையெழுத்தை லேசில் மறுப்பதில்லை.

இப்படிக் கேட்டால் இடமே போய்விடும் என்று பெற்றோர் பதறுவார்கள். நிதி விவரத்தை எழுத்தில் கேட்பது ஒருங்கிணைப்பாளரின் அன்றாட வேலை. அதற்காக ஒருவரை நீக்குகிற திட்டத்தில் ஐந்தாறு ஆண்டு கழிக்க நேராதது நல்லதுதான். இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது: அழைப்பையே ரத்து செய்கிற காலத்தில், வந்ததை உடனே பற்றிக்கொள்வதல்லவா புத்திசாலித்தனம்? பாதி சரி. பிடித்த இடத்திலிருந்து, தெளிவான நிதிக் கடிதம் கையில் வந்துவிட்டால், ஏப்ரல் 15 வரை காத்திருப்பதில் ஒரு லாபமும் இல்லை. அன்றே சம்மதம் சொல்லுங்கள். ஆனால் நிதி எழுத்தில் இல்லாத, 'தற்காலிகம்' என்று குறிப்பிட்ட அழைப்பைப் பற்றிக்கொண்டு மற்றதை உதறியவருக்கு, அது ரத்தானால் போக்கிடம் இருக்காது. மூன்றாவது, 'கடைசி நாள் வரை வைத்திருப்பது எங்கள் உரிமை' என்ற வாதம். உரிமைதான். ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு போதும்; நான்கு எதற்கு? மூன்றாவதாகவும் நான்காவதாகவும் நீங்கள் அமுக்கி வைத்திருக்கும் இடங்களுக்குக் காத்திருப்போர் பட்டியலில் இன்னொரு வீட்டுப் பிள்ளை நிற்கிறது. அந்தப் பட்டியல் நகர்வது நீங்கள் 'வேண்டாம்' என்று எழுதும்போதுதான். ஏப்ரல் 14 ராத்திரி எழுதினால், அந்தப் பிள்ளை அதற்குள் வேறு எங்கோ கையெழுத்துப் போட்டிருக்கும்.

மறுபடியும் சொல்கிறேன், ஏப்ரல் 15 பாதுகாப்பு உதவித்தொகையோடு வரும் அழைப்புக்கு மட்டும். சொந்தப் பணத்தில் படிக்கும் பயோமெடிக்கல் எம்.எஸ். படிப்புகளுக்கு அது பொருந்தாது. அவை டெபாசிட் கேட்கும், தேதியை அவையே வைக்கும், கட்டிய பணம் பெரும்பாலும் திரும்பாது. பிஎச்.டி. பதில் வரட்டும் என்று அந்தத் தேதியை விட்டவர்களும் உண்டு. பதில் வருவதற்கு முன்பே டெபாசிட்டைக் கட்டித் தொலைத்தவர்களும் உண்டு. தேதியைத் தள்ளிப்போட முடியுமா என்று முன்கூட்டியே கேட்பவர்கள்தான் இல்லை. கடன் வாங்கி எம்.எஸ். சேரத் திட்டமிடும் குடிமக்கள், 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு கிராட் பிளஸ் கடன் கிடையாது என்பதையும், கூட்டாட்சிக் கடன் ஆண்டுக்கு 20,500 டாலர், மொத்தம் 1,00,000 டாலர் என்ற வரம்புக்குள்தான் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பிரிட்ஜ்வாட்டர்-ராரிட்டன் பள்ளியில் ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்த பிள்ளையை 'வெளிநாட்டு மாணவர்' பட்டியலில் சேர்த்துவிட்டார்களே என்று ஆத்திரப்படும் பெற்றோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. க்ரீன் கார்டு வரிசையில் வருஷக்கணக்காக நிற்கும் எச்-1பி குடும்பத்துப் பிள்ளைக்கு 21 வயதானால் எச்-4 தகுதி முடிந்துவிடும். பிறகு எஃப்-1 என்ற மாணவர் விசாதான். பயோமெடிக்கல் திட்டங்களைத் தாங்கும் டி32 என்ற என்.ஐ.எச். பயிற்சி மானியம் குடிமக்களுக்கும் க்ரீன் கார்டு உள்ளவர்களுக்கும் மட்டுமே. அதனால்தான் இந்தப் பிள்ளைகளுக்கான இடங்கள் குறைவு. எங்கே வளர்ந்தார்கள் என்று மானியக் கணக்கு பார்ப்பதில்லை. விண்ணப்பிக்கும் முன்பே, கடந்த சில ஆண்டுகளில் எஃப்-1 மாணவர்களை எத்தனை பேர் எடுத்தீர்கள், அவர்களுக்கு எந்தப் பணத்தில் சம்பளம் என்று கேட்டுவிட்டால் விண்ணப்பக் கட்டணமாவது மிஞ்சும். இன்னும் எச்-4-இல் இருப்பவர்கள் பல்கலைக்கழகத்திடமிருந்து ஐ-20 படிவம் வாங்கி, 350 டாலர் சீவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு) கட்டணம் கட்டி, தகுதி மாற்றத்துக்கான ஐ-539 படிவத்தை எச்-4 தகுதி உயிரோடு இருக்கும்போதே, அதாவது 21-ஆவது பிறந்தநாளுக்கு முன்பே, தாக்கல் செய்ய வேண்டும். பிறந்தநாளுக்கு முன்பே! அது நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போனால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகிவிடும். எச்-4 பிள்ளைக்கு வேலை அனுமதி கிடையாது என்பதால், ஒப்புதல் வராமல் ஆகஸ்ட் வந்தால் ஆய்வு உதவியாளர் சம்பளமும் வராது. சேரும் தேதியை அடுத்த பருவத்துக்குத் தள்ள முடியுமா என்று மே மாதத்திலேயே கேட்டுவைக்க வேண்டும்.

காத்திருக்கும் மாதங்களில் போர்ட்டலைத் திறந்து பார்க்காமல் இருப்பதும் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. மூன்று சிபாரிசுக் கடிதங்களில் ஒன்று வரவில்லை என்றால் அலுவலகம் போன் பண்ணிச் சொல்லாது. விண்ணப்பம் 'முழுமையடையவில்லை' என்ற நிலையிலேயே கிடக்கும். தமிழ்நாட்டுக் கல்லூரிப் பேராசிரியர்கள் ஜிமெயில் முகவரியிலிருந்து அனுப்பும் கடிதத்தைச் சில போர்ட்டல்கள் ஏற்பதில்லை. கல்லூரி முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். 'நீயே எழுதிக் கொண்டுவா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிற பேராசிரியரை நாசூக்காகத் தவிர்த்துவிடுங்கள். அப்படி எழுதிய கடிதம் பிடிபட்டால் கிடைத்த இடமும் பறிபோகும். நேர்முகம் முடிந்து நாலு வாரமாகியும் சேதி இல்லையா? மாணவரே, பெற்றோர் அல்ல, ஒருங்கிணைப்பாளருக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் எழுதலாம்: பெயர், விண்ணப்ப எண், நேர்முகம் நடந்த தேதி, வேறு அழைப்பு இருந்தால் அதற்குப் பதில் சொல்ல வேண்டிய தேதி. அப்பா போன் செய்தால் அலுவலகம் ஒன்றும் சொல்லாது, பிள்ளையின் பெயர் மட்டும் நினைவில் நிற்கும்.

அழைப்பே ரத்தானால் சண்டைக் கடிதம் வேண்டாம். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிக்காமல் பரிசீலிப்பார்களா, கட்டணத்தை விட்டுக்கொடுப்பார்களா, வேறு நிதியில் இடமுண்டா என்று கேளுங்கள். நீங்கள் மறுத்த இடங்களுக்கு அன்றே எழுதுங்கள். ஏப்ரல் 15-க்குப் பிறகும் காலியிடம் விழும். ரட்கர்ஸிலோ என்.ஜே.ஐ.டி.யிலோ எம்.எஸ். முடித்து, ஓ.பி.டி. என்ற படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதியில் இருப்பவர்கள் பிஎச்.டி.க்கு மாறும்போது இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஓ.பி.டி. முடிந்து 60 நாளுக்குள் சீவிஸ் பதிவை மாற்றக் கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியும். ஓ.பி.டி. முடிந்த நாள், பதிவு மாறிய நாள் இரண்டில் எது முந்தியதோ அதிலிருந்து 5 மாதத்துக்குள் புதிய படிப்பு தொடங்க வேண்டும் என்பது தெரியாது. பிப்ரவரி கடைசியில் ஓ.பி.டி. முடிகிறவருக்கு ஆகஸ்ட் கடைசி என்பது 6 மாதம். பதிவு மாறுகிற அன்றே வேலை அனுமதியும் முடிந்துவிடும். கோடையிலேயே ஆய்வகச் சுழற்சியைத் தொடங்க அனுமதிக்கும் திட்டங்கள் உண்டு. ஜூலைத் தேதியிட்ட ஐ-20 கிடைக்குமா என்று புதிய இடத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தை மார்ச்சிலேயே கேளுங்கள். கிடைக்காவிட்டால் ஊருக்குப் போய், புது ஐ-20-யோடு சென்னை அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் விசா எடுத்துத்தான் திரும்ப வேண்டும். நேர்முகத் தேதி கிடைக்க எத்தனை நாளாகும் என்பதை டிக்கெட் போடும் முன் பார்த்துக்கொள்ளுங்கள்.