யார் எவ்வளவு செய்தார்?

இணையத்தின் வழியே ஆறு மாணவர்கள் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதுகிறார்கள். இருவர் உழைக்க, நால்வர் வாளாவிருப்பதேன்? சோம்பல் மட்டுமே காரணமன்று.

1979-இல் லத்தானே, வில்லியம்ஸ், ஹார்கின்ஸ் என்னும் அமெரிக்க உளவியலார் ஒரு சோதனை செய்தனர். மாணவர்களின் கண்ணைக் கட்டி, காதில் ஒலிக்கருவி பொருத்தி, உரக்கக் கத்தச் சொன்னார்கள். உண்மையில் கத்தியவர் ஒருவரே. ஆயினும், தம்முடன் இன்னொருவர் கத்துவதாக நம்பியபோது, தனியே கத்திய வலிமையில் 82 விழுக்காடே வெளிப்பட்டது. ஐவர் கத்துவதாக நம்பியபோது 74 விழுக்காடு. ஒவ்வொருவர் குரலும் தனித்தனியே அளக்கப்படும் என்று 1981-இல் வெளியான ஆய்வில் அறிவித்தபோதோ, இத்தளர்ச்சி மறைந்தது!

இணையவழிக் கூட்டுக் கல்விக்கும் இது பொருந்தும். பொதுவான ஏட்டில் எந்த வரியை யார், எப்போது எழுதினார் என்பதைக் கணினி குறித்து வைக்கும். அதனை எல்லாரும் கண்டால், பின்தங்கியவர் முன்வர வாய்ப்புண்டு. உழைப்பவருக்கும் 'நான் மட்டும் ஏமாளியா?' என்ற மனக்குறை குறையும். எழுதப்படாத பகுதி எது என்பதும் புலப்படும்.

ஆனால், கணினி எண்ணுவது சொற்களை, அவற்றின் தரத்தையன்று. நூறு வரி நகலெடுத்தவர், பெரும்பிழை ஒன்றைத் திருத்தியவரைவிட மிகுதியாக உழைத்தவராகத் தோன்றலாம். ஆகவே, அடுத்த முறை நண்பரின் பங்கை எண்ணிப் பார்ப்பதோடு நில்லாதீர்கள், படித்தும் பாருங்கள்.