வலப்பக்கம் திருப்பினால் கழலும் நட்டு

டேபிள் ஃபேன் இறக்கையைத் துடைக்கக் கழற்றியவர்களுக்குத் தெரியும்: நடுவிலுள்ள பிளாஸ்டிக் திருகை வழக்கம்போல இடப்பக்கம் திருப்பினால் அது இன்னும் இறுகும். கடிகார முள் போகும் திசையில் திருப்பினால்தான் கையோடு வரும். 1990களில் வந்த பிஎம்டபிள்யூ 3 வரிசையின் ஆறு சிலிண்டர் கார்களிலும் இதே கதைதான். ரேடியேட்டருக்குப் பின்னாலுள்ள விசிறியை வாட்டர் பம்பின் தண்டோடு பிணைப்பது ஒற்றை 32 மி.மீ. நட்டு. அதன் மரை இடது மரை.

முன்னால் நின்று பார்த்தால் இந்த விசிறி கடிகாரத் திசையில் சுற்றுகிறது. காற்று அதைத் தடுக்கிறது. தண்டு முந்தப் பார்க்க, நட்டு பின்தங்கப் பார்க்கும். வலது மரையாக இருந்தால் வண்டி ஓட ஓட நட்டு தளர்ந்து, ஒருநாள் விசிறி ரேடியேட்டரைக் கிழித்துவிடும். இடது மரையோ ஓட ஓட இறுகும். பம்பு எதிர்ப்பக்கம் சுற்றும் சில அமெரிக்க எஞ்சின்களில் வலது மரைதான் இருக்கிறது. ஆகவே உங்கள் வண்டியில் விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று தெரிந்துகொள்ளாமல் பானாவை எடுக்க வேண்டாம்.

நட்டுக்கும் இறக்கைகளுக்கும் நடுவே தட்டையாக இருப்பதுதான் ஃபேன் கிளட்ச். விசிறியை இரண்டு மடங்கு வேகத்தில் சுற்ற வைக்க ஏறக்குறைய எட்டு மடங்கு சக்தி தேவை. வேண்டாதபோதும் அதை முழு வேகத்தில் சுற்றவிட்டால் பெட்ரோல்தான் வீண். கிளட்ச்சின் முகப்பில் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த சுருள்வில் இருக்கிறது. ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடானால் அது முறுக்கி உள்ளே ஒரு வால்வைத் திறக்கும். கெட்டியான சிலிக்கோன் எண்ணெய் வரிப்பள்ளங்களுக்குள் பாயும். அந்த எண்ணெயின் பிசுக்கே விசிறியை இழுத்துச் சுற்றுகிறது. எண்ணெய் கசிந்துவிட்டால் நெரிசலில் வண்டி கொதிக்கும், நெடுஞ்சாலையில் ஒன்றுமே நடக்காததுபோல ஓடும்.

கழற்றுவதில் சிக்கல் என்னவென்றால், நட்டைத் திருப்பினால் பம்பின் புல்லியும் கூடவே திரும்பும். புல்லியைப் பிடித்துக்கொள்ளத் தனிக் கருவி உண்டு. அது இல்லாதவர்கள் இரும்புப் பட்டை ஒன்றில் இரண்டு துளை போட்டு, புல்லியின் போல்ட்களில் மாட்டிக்கொள்கிறார்கள். 32 மி.மீ.க்கு மெல்லிய பானா வேண்டும். தடித்தது அந்த இடுக்கில் நுழையாது. பழைய சைக்கிள்களின் ஹேண்டில் தண்டு நட்டுக்கான தட்டைப் பானா இதற்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது. இந்தத் தந்திரத்தை யார் முதலில் கண்டுபிடித்தாரோ, நல்ல மூளைக்காரர்.

பட்டையும் இல்லையா? சுத்தியல் போதும். பானாவை நட்டில் மாட்டி, அதன் வால் பக்கத்தைக் கடிகாரத் திசையில் நறுக்கென்று ஓங்கித் தட்ட வேண்டும். மெல்ல அழுத்தி இழுத்தால் பெல்ட் வழுக்கிப் புல்லி சுற்றிவிடும். அடி வேறு விதம். அரைக் கிலோ சுத்தியல் நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் வந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், சராசரி விசை 2,500 நியூட்டன். அதாவது சுமார் 250 கிலோ எடையின் அழுத்தம். அத்தனை குறுகிய நேரத்தில் புல்லி நகரத் தொடங்குவதற்குள், அதன் நிலைமமும் பெல்ட்டின் பிடியும் சேர்ந்து அதை நிறுத்திவைக்க, மரை மட்டும் விட்டுக்கொடுக்கிறது. துருப்பிடித்திருந்தால் முதல் நாளே துரு எண்ணெய் விட்டு வைக்கலாம். நெருப்புக் காட்டக் கூடாது. கிளட்ச்சின் உள்ளேயிருக்கும் எண்ணெயும் சீல்களும் கெட்டுவிடும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். பேட்டரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிவிடுங்கள். ரேடியேட்டருக்கும் விசிறிக்கும் நடுவே தடித்த அட்டை ஒன்றைச் செருகுவது கட்டாயம். பானா சறுக்கினால் அடி வாங்குவது அந்த மெல்லிய தகடுகள்தான். பிளாஸ்டிக் இறக்கைகளின் அடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் விசிறியை மாற்றிவிட வேண்டும். ஓடும்போது உடைந்தால் பானெட்டைத் துளைக்கும்.

கழற்றிய கிளட்ச்சைப் படுக்கப் போடாமல், வண்டியில் இருந்த நிலையிலேயே நிறுத்தி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் போகக்கூடாத இடத்துக்குப் போய்விடும். புதியதை மாட்டும்போது மரையைக் கையாலேயே இடப்பக்கம் சுற்றி ஏற்றி, பிறகு பானாவால் அளவாக இறுக்கினால் போதும். முதல் தடவை கிளப்பும்போது விசிறி ‘ஹோ’வென்று இரைந்தால் பயப்பட வேண்டாம். நின்றிருந்தபோது வரிப்பள்ளங்களில் தேங்கிய எண்ணெய் திரும்பிப் போக ஓரிரு நிமிடம் ஆகும். ஆனால் குளிர்ந்த எஞ்சினில் கால்மணி நேரம் கழித்தும் அதே இரைச்சல் நீடித்தால், புதிய கிளட்ச்சையே கடையில் திருப்பிக் கொடுத்து மாற்றிக்கொள்ளுங்கள்.