வ.உ.சி. – காந்தி கடிதப் போக்குவரத்தும் ஆவண வாசிப்பு நெறிகளும்: தென்னாப்பிரிக்கத் தமிழர் கொடையை முன்வைத்து

முன்னுரை

தமிழ்நாட்டின் அரசியல் வரலாற்றை எழுத முற்படுவோர்க்கு மூவகைச் சான்றுகள் கிடைக்கின்றன. அரசு ஆணைகள், காவல்துறை அறிக்கைகள், நீதிமன்றத் தீர்ப்புகள் ஆகியன முதல் வகை. தனிமனிதர் எழுதிக்கொண்ட கடிதங்கள் இரண்டாம் வகை. ஒளிப்படங்கள் மூன்றாம் வகை. முதல் வகை பெரும்பாலும் ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்டுள்ளது. 1909இல் சென்னை எழும்பூரில் நிறுவப்பட்ட சென்னை ஆவணக் காப்பகமே இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகமாகத் தொடர்கிறது. ஆனால் கடிதங்களும் ஒளிப்படங்களும் குடும்பப் பெட்டிகளிலும் கடல் கடந்த ஊர்களிலும் சிதறிக் கிடப்பவை. அவற்றுள் ஒன்றை மட்டும் கண்டு முடிவுக்கு வருவோர் பெரும்பிழைக்கு ஆளாவர். இதற்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைவது, வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கும் காந்தியடிகளுக்கும் இடையே 1915, 1916ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்த கடிதப் போக்குவரத்து. தென்னாப்பிரிக்கத் தமிழர் வ.உ.சி.க்கெனத் திரட்டிய ஒரு தொகையே அதன் மையம். ஆதலின் புலம்பெயர்ந்த தமிழர் வரலாற்றுக்கும் அது உரியதாகிறது. அக்கடிதங்களையும் வ.உ.சி.யின் உருவப்படங்களையும் எவ்வாறு வாசித்தல் வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முயல்கிறது.

1. வரலாற்றுப் பின்புலம்

1872 செப்டம்பர் 5இல் ஓட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி., வழக்கறிஞராகத் தூத்துக்குடியில் தொழில் நடத்தியவர். 1906இல் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவுவதில் முதன்மைப் பங்கு வகித்தார். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள், ஆக 10 லட்சம் ரூபாய் மூலதனம் என அக்கம்பெனி திட்டமிடப்பட்டது. காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைது செய்யப்பட்டார். நீதிபதி பின்ஹே 1908 ஜூலை 7இல் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் தண்டனை குறைக்கப்பட, கோயம்புத்தூர், கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து 1912 டிசம்பரில் விடுதலை பெற்றார்.

விடுதலைக்குப் பின் அவர் எதிர்கொண்டது வறுமை. வழக்கறிஞர் உரிமம் பறிக்கப்பட்டிருந்தது. கம்பெனி கலைந்து போயிருந்தது. இக்காலத்தில் அவருடைய குடும்பத்தைத் தாங்கியவர்களுள் தென்னாப்பிரிக்கத் தமிழர் குறிப்பிடத்தக்கவர். அவர்களுள் வேதியப் பிள்ளை என்பாரின் உதவியை வ.உ.சி. நன்றியோடு போற்றினார். தம் மகள் ஒருத்திக்கு அவர் நினைவாக வேதவல்லி எனப் பெயரிட்டார். பிற்காலத்தில் வழக்கறிஞர் உரிமம் மீளக் கிடைக்கத் துணைநின்ற ஆங்கிலேய நீதிபதி வாலஸ் நினைவாகத் தம் மகனுக்கு வாலேஸ்வரன் எனப் பெயரிட்டதும் இம்மரபிலேயே வைத்து எண்ணத்தக்கது. நன்றியைப் பெயராக எழுதிவைக்கும் இயல்பு அவருக்கு இருந்தது.

கொடுத்தவர்களின் நிலையும் கருதத்தக்கது. 1860 நவம்பர் 16இல் சென்னையிலிருந்து புறப்பட்ட ட்ரூரோ கப்பல் டர்பன் துறையை அடைந்தது முதல், ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர் நேட்டாலில் குடியேறினர். 1913ஆம் ஆண்டுச் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். சிறையில் நோயுற்று 1914 பிப்ரவரி 22இல் மறைந்த தில்லையாடி வள்ளியம்மை அவர்களுள் ஒருவர். தாமே போராட்டத்தின் நடுவில் இருந்த மக்கள், தாய்நாட்டில் சிறை மீண்ட ஒருவருக்குப் பொருள் திரட்டினர் என்பது இக்கொடையின் தனிச்சிறப்பு.

2. கடிதத் தொடரும் எழுந்த ஐயமும்

தென்னாப்பிரிக்காவிலிருந்து 1914 ஜூலையில் புறப்பட்ட காந்தி, இலண்டன் வழியாக 1915 ஜனவரியில் பம்பாய் வந்தடைந்தார். ஏப்ரல் 17இல் சென்னை வந்து, தம்புச்செட்டித் தெருவில் ஜி.ஏ. நடேசனின் இல்லத்தில் தங்கினார். அவரைக் காண விரும்பி வ.உ.சி. எழுதினார். முதற் கடிதங்கள் சந்திப்பு நேரம் பற்றியவை. காந்தி காலை 6 மணிக்கு வரலாம் என்று குறித்தார். தமக்குரிய ஊர்தி டிராம் வண்டி ஒன்றே என்பதை வ.உ.சி. தம் மறுமொழியில் சுட்டினார்.

சந்திப்புக்குப் பின் தொடர்ந்த கடிதங்களே பணத்தைப் பற்றியவை. நண்பர் ஒருவர் வாயிலாகப் பணம் கிடைத்ததா எனக் காந்தி வினவினார். கிடைக்கவில்லை என வ.உ.சி. விடையிறுத்தார். தம் குடும்பம் பெரிதும் தென்னாப்பிரிக்க இந்தியரின் ஆதரவிலேயே வாழ்ந்து வருவதால், அவர்கள் மனமுவந்து தரும் தொகையை மறுக்கும் நிலையில் தாம் இல்லை என்பதையும் தெளிவாக எழுதினார். கொடையின் விவரத்தை அறியக் காந்தி நேட்டாலுக்கு எழுத வேண்டியிருந்தது. மாதங்கள் கடந்தன. 1916ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் 347 ரூபாய் 12 அணா வ.உ.சி.யின் கைக்கு வந்தது. அதனைப் பெற்றுக்கொண்ட செய்தியை அவர் நண்பருக்கு எழுதிய கடிதம் உறுதி செய்கிறது.

வ.உ.சி.க்கெனத் தரப்பட்ட பணத்தைக் காந்தி கொடுக்கவே இல்லை என்னும் குற்றச்சாட்டு தமிழ்நாட்டில் நெடுங்காலம் வழங்கி வந்துள்ளது. 1920இல் ஒத்துழையாமைத் திட்டத்தை ஏற்காது வ.உ.சி. காங்கிரசிலிருந்து விலகியமை இக்குற்றச்சாட்டுக்கு ஏற்ற மண்ணாக அமைந்தது. அரசியல் வேறுபாட்டுக்குப் பணத் தகராறு ஒன்றைக் காரணமாகக் கற்பிப்பது எளிதன்றோ. 1984இல் ‘வ.உ.சி. கடிதங்கள்’ நூலைப் பதிப்பித்தவரும், பின்னர் ‘வ.உ.சி.யும் காந்தியும்: 347 ரூபாய் 12 அணா’ என்னும் நூலில் இப்பொருளைத் தனியே ஆராய்ந்தவருமான ஆ.இரா. வேங்கடாசலபதியின் உழைப்பால் இவ்வையம் நீங்கியது.

3. தொடரை வாசிக்கும் நெறி

இக்கடிதங்கள் கற்பிக்கும் முதல் நெறி, தனிக் கடிதம் சான்றாகாது என்பது. 1915ஆம் ஆண்டின் இடையில் எழுதப்பட்ட கடிதங்களோடு ஒருவர் நின்றுவிட்டால் பணம் வந்துசேரவில்லை என்ற முடிவே கிட்டும். அது அந்நாளில் உண்மையே. ஆனால் இறுதி உண்மையன்று. 1916இல் பணம் பெற்ற செய்தியை மட்டும் காண்பவர்க்கு இடைப்பட்ட மாதங்களின் துயரம் புலப்படாது. முழுத் தொடரையும் நாள் வரிசையில் வைத்தால், காந்தி பணத்தைத் தமக்கென வைத்துக்கொண்டார் என்பதும் பிழை, எவ்விதக் குறையும் நிகழவில்லை என்பதும் பிழை என்பது விளங்கும். வறிய குடும்பம் ஒன்று காத்திருந்தது. ஆனால் தொகை வந்து சேர்ந்தது.

இரண்டாம் நெறி, தாமதத்தின் காரணத்தைக் காலச் சூழலில் வைத்துக் காணல். கணக்குகள் இருந்த இடம் நேட்டால். காந்தியோ அங்கிருந்து நீங்கிவிட்டவர். 1915 மே 25இல் அகமதாபாத்துக்கு அருகே கோச்ரப்பில் ஆசிரமம் தொடங்கி, ஊர் ஊராகப் பயணம் செய்துகொண்டிருந்தார். உலகப் போர் நடந்த காலம் அது. கடல் கடந்து கடிதம் செல்லவும் மறுமொழி வரவும் பல வாரங்கள் ஆயின. இவை தாமதத்தை விளக்குகின்றன. காத்திருந்தவரின் இன்னலை இவை குறைத்துவிடுவதில்லை.

மூன்றாம் நெறி, தொகையையே ஒரு சான்றாகக் காணல். 347 ரூபாய் 12 அணா என்பது முழுமையற்ற எண். அக்காலத்தில் ஒரு பவுன் 15 ரூபாய்க்குச் சமம். ஆகவே ஒரு ஷில்லிங் 12 அணா, ஒரு பென்னி ஓர் அணா. இம்மதிப்பில் இத்தொகை 23 பவுன் 3 ஷில்லிங் 8 பென்னி ஆகிறது. இக்கணக்கு ஆவணச் சான்று ஆகாது. அணா ஒவ்வொன்றும் பென்னி ஒன்றாகப் பொருந்துவது அம்மதிப்பு முறையின் இயல்பு. எனினும், செல்வர் ஒருவர் வழங்கும் கொடை பெரும்பாலும் முழு எண்ணாகவே அமையும். பலர் சிறுகச் சிறுகத் தந்த பணமே ஷில்லிங்கும் பென்னியுமாக முடிவது வழக்கம் என்பதால், இது பலர் கூடித் தந்த கொடை என்னும் கருத்துக்கு இத்தொகை இசைவாக உள்ளது.

நான்காம் நெறி, கடிதத்தின் இயற்கையைப் பற்றியது. ஒருவர் எழுதிய கடிதம் அவரிடம் இருப்பதில்லை, பெற்றவரிடமே இருக்கும். ஆதலின் ஒருவரது வரலாற்றுக்கு உரிய கடிதங்களை அவர் வீட்டில் மட்டும் தேடுவது பயனற்றது. உரையாடலின் இரு பாதிகளும் இரு ஊர்களில், சில வேளைகளில் இரு கண்டங்களில் கிடக்கும். அவற்றை இணைத்த பின்னரே உரையாடல் நமக்குக் கேட்கும்.

4. ஒளிப்படம் காட்டுவதும் மறைப்பதும்

வ.உ.சி.யின் உருவமாக மக்கள் மனத்தில் பதிந்திருப்பது தலைப்பாகையும் மேற்சட்டையும் அணிந்த தோற்றம். அத்தோற்றத்தில் காணப்படுவது வழக்கறிஞரின் மதிப்பு. அக்கால நிழற்படக் கூடத்துக்குச் செல்வோர் தம்மிடமுள்ள சிறந்த உடையை உடுத்துச் செல்வர், அசையாது அமர்வர். ஒருவர் எவ்வாறு நினைக்கப்பட விரும்பினார் என்பதையே அத்தகைய படம் முதலில் தெரிவிக்கிறது. அவர் அன்று எவ்வாறு வாழ்ந்தார் என்பதை அப்படத்திலிருந்து மட்டும் அறிய இயலாது. டிராம் வண்டியே தம் ஊர்தி என்று எழுதிய மனிதரை அந்த உருவப்படத்தில் காண முடியாது. கடிதத்தையும் படத்தையும் அருகருகே வைத்தால்தான், வறுமையில் வாழ்ந்தும் தலைநிமிர்வை விடாத ஒருவர் புலப்படுவார்.

பின்னாளில் எழுந்த உருவங்கள் மூலப் படத்தை மறைப்பதும் உண்டு. 1961இல் வெளிவந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ திரைப்படத்தில் சிவாஜி கணேசன் ஏற்ற வேடம் அத்தகையது. செக்கிழுக்கும் காட்சி தமிழர் நினைவில் நிலைத்துவிட்டமையால், அதனையே நேரடி ஆவணம் போல் கருதுவோரும் உளர். 1972இல் நூற்றாண்டையொட்டி அஞ்சல்தலையும் வெளியிடப்பட்டது. மூலப் படம், அதைப் பார்த்து வரைந்த ஓவியம், திரைப்படக் காட்சி, அஞ்சல்தலை ஆகியவற்றை வேறுபடுத்தி அடையாளமிடுவது காப்பகங்களின் முதற்கடமை. பாரதியாருக்கு ஐந்து ஒளிப்படங்களே எஞ்சியுள்ளன எனக் கணக்கிட்டு, எடுக்கப்பட்ட ஊரையும் சூழலையும் ஆய்வாளர் குறித்துவைத்துள்ளனர். அத்தகைய கணக்கெடுப்பு அரசியல் தலைவர் அனைவர்க்கும் தேவை.

படத்தின் பின்புறம் முன்புறத்துக்கு நிகரான மதிப்புடையது. நிழற்படக் கூடத்தின் முத்திரை, பென்சிலால் எழுதிய பெயர், யாருக்கு அனுப்பப்பட்டது என்னும் குறிப்பு ஆகியன அங்குதான் இருக்கும். அச்சில் வெளியிடும்போது விளிம்பை வெட்டிவிடுவதும், பின்புறத்தைப் படியெடுக்காமல் விடுவதும் சான்றை அழிப்பதற்கு ஒப்பாகும்.

5. புலம்பெயர்ந்தோர் இல்லங்களில் எஞ்சியவை

இக்கொடையின் வரலாற்றில் இன்னும் நிறைவுறாத பகுதி கொடுத்தவர்களைப் பற்றியது. பெற்றவரின் பெயரும் கொண்டுவந்தவரின் பெயரும் உலகறிந்தவை. ஷில்லிங்கும் பென்னியும் தந்த தொழிலாளரும் சிறுவணிகரும் வரலாற்றில் பெயரின்றி நிற்கின்றனர். அவர்களைத் தேடுவதற்கு 1903 முதல் நான்கு மொழிகளில் வெளிவரத் தொடங்கிய ‘இந்தியன் ஒப்பீனியன்’ இதழும், டர்பனில் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையமும், சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் துணைபுரியும். இவற்றினும் முதன்மையானவை குடும்பத்தார் வசமுள்ள பழம்பெட்டிகள்.

மூன்றாம், நான்காம் தலைமுறையினர் பலர்க்குத் தமிழ் எழுத்து வாசிக்க இயலாது. பாட்டனார் பெற்ற கடிதம் அவர்களுக்குப் பொருள் விளங்காத தாளாகிவிடுகிறது. வீடு மாறும்போதும் மூத்தோர் மறையும்போதும் அத்தாள்கள் குப்பைக்குச் செல்கின்றன. அரசு ஆவணம் அழிந்தால் படி ஒன்று வேறு அலுவலகத்தில் இருக்கக்கூடும். தனிக்கடிதம் அழிந்தால் அது அத்துடன் முடிந்தது.

இதனைத் தடுக்கச் செய்யத்தக்கவை எளியன. கடிதத்தை உறையோடு சேர்த்துப் பாதுகாத்தல், அஞ்சல் முத்திரை நாளைக் குறித்தல், கட்டாகக் கிடைத்தவற்றின் வரிசையைக் கலைக்காதிருத்தல், இருபுறமும் படியெடுத்தல், படத்தில் உள்ளவர் இன்னார் என்று கூறியவர் பெயரையும் கூறிய நாளையும் உடன் எழுதிவைத்தல். மூலத்தைக் குடும்பமே வைத்துக்கொண்டு, படியை மட்டும் நூலகத்துக்கு வழங்கினாலும் ஆய்வுக்குப் போதுமானது.

முடிவுரை

347 ரூபாய் 12 அணா பெருந்தொகையன்று. எனினும் அதனைப் பற்றிய ஐயம் இரு பெருந்தலைவர்களின் நினைவைப் பல்லாண்டுகள் கலங்கச் செய்தது. அதனைத் தீர்த்தவை ஒழுங்காகப் பாதுகாக்கப்பட்ட கடிதங்கள். அவை கிடைத்திராவிடில் குற்றச்சாட்டும் மறுப்பும் சான்றின்றியே தொடர்ந்திருக்கும். வ.உ.சி. இழுத்த செக்கு இன்று சென்னை கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பட்டுள்ளது. பகைவராகச் சித்திரிக்கப்பட்ட இருவரின் நினைவும் அங்கு ஓரிடத்தில் உள்ளது. கடல் கடந்து அத்தொகையைத் திரட்டிய தமிழரின் பெயர்களும் அந்நினைவோடு சேர வேண்டுமாயின், அவர்தம் வழித்தோன்றல்களின் இல்லங்களில் எஞ்சியுள்ள தாள்களும் படங்களும் காலம் தாழ்த்தாது தொகுக்கப்படுதல் வேண்டும்.