நள்ளிரவுப் பிரயாணமும் வாய்ப்பேச்சு வாடகையும்

கண்டியிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குள்ள தூரம் 100 கிலோமீற்றருக்குச் சற்றுத்தான் அதிகம் என்றாலும், அந்தத் தூரத்தை வாடகை வண்டியில் கடக்கிற பிரயாணி மற்றெந்தப் பிரயாணத்திலும் இல்லாத ஒரு நிர்ப்பந்தத்துக்கு ஆளாகிறான். சந்தைக்குப் போகிறவனும் கலியாணத்துக்குப் போகிறவனும், வண்டிக்காரனோடு மனஸ்தாபம் ஏற்பட்டால், வழியில் இறங்கி அடுத்த பஸ்ஸைப் பிடித்துக்கொள்ளலாம். கையில் கடவுச்சீட்டும், மடியில் கடன் வாங்கிய பணமும், குறித்த நேரத்தில் புறப்பட்டுவிடும் விமானமுமாகப் போகிறவனுக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. பேரம் பேசுகிற பலம் வண்டியில் ஏறும்வரையில்தான் அவன் பக்கம் இருக்கிறது. சக்கரம் உருண்ட மறுகணமே அது கைமாறிவிடுகிறது.

என் உறவுப் பெண்ணொருத்தி கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் புறப்பட்டபோது, வழியனுப்பச் சென்றவர்களில் நானும் ஒருவன். தெரிந்தவர் மூலம் வேன் ஒன்றை ‘ஹயருக்கு’ப் பேசியிருந்தார்கள், தொகை வாய்வார்த்தையில் முடிவாகியிருந்தது. பேராதனையைத் தாண்டி, கடுகண்ணாவை வளைவுகளில் இறங்கி, மாவனல்லை, கேகாலை எல்லாம் சுகமாகவே கடந்து வந்த சாரதி, வரக்காப்பொலையில் ஒரு தேநீர்க் கடையின் முன் வண்டியை நிறுத்தி, எஞ்சினையும் அணைத்துவிட்டுச் சொன்னார்: “அம்மா, பேசினது போறதுக்கு மட்டுந்தான். வேன் வெறுமனே திரும்பி வரணும். இன்னும் நாலாயிரம் பார்த்துத் தாங்க.” அப்போது அதிகாலை 2 மணி கழிந்து சில நிமிஷங்கள். பெண்ணின் தாய் ஒரு வார்த்தையும் பேசாமல் சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, நான்காய் மடித்து வைத்திருந்த தாள்களைக் கடையின் விளக்கு வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக விரித்து எண்ணிக் கொடுத்தாள். மகள் வீட்டில் விட்டுச்செல்லும் இரண்டு குழந்தைகளின் பால்மாவுக்கென்று வைத்திருந்த பணம் அது.

அந்தச் சாரதியை முழுதும் குற்றவாளியாக நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. வெறும் வண்டியாய்த் திரும்பும் எரிபொருட் செலவு வாஸ்தவமானது. விமான நிலையத்தில் காத்திருப்பதும், மறுநாட்காலை தூக்கமின்றி அடுத்த வாடகைக்குப் போவதும் அவருடைய பிழைப்பில் அடங்கிய கஷ்டங்கள். அநியாயம் எங்கே நுழைந்ததென்றால், அந்தச் செலவை முதல்நாள் மாலையில் சொல்லாமல், மறுக்க வழியில்லாத வேளை பார்த்துச் சொன்னதிலேதான். ஆகவே, வண்டி பேசும்போது தொகையை மட்டும் கேட்டு நின்றுவிடாமல், திரும்பும் வழிக்கான கூலி அதில் அடக்கமா, காத்திருப்புக்குத் தனிக் காசு உண்டா, வாகனத் தரிப்பிடக் கட்டணம் யார் பொறுப்பு, குருநாகல் வழியாகப் போய் மீரிகமை வரையில் அதிவேகப் பாதையில் ஏறினால் அந்தக் கட்டணத்தை யார் கொடுப்பது என்பவற்றையெல்லாம் அப்போதே கேட்டுத் தீர்த்துக்கொள்ள வேண்டும். தீர்த்துக்கொண்டதை ஒரு வாட்ஸ்அப் செய்தியாக, “நாளை இரவு 11 மணி, வேன் இலக்கம் இன்னது, ஆட்கள் இத்தனை பேர், திரும்பும் செலவு உட்பட மொத்தம் இவ்வளவு” என்று நான்கு வரியில் அனுப்பி, சாரதியிடமிருந்து ‘சரி’ என்ற ஒரு சொல்லைப் பதிலாகப் பெற்றுவிட்டால், அதுவே பின்னால் பொலிசிலும் மத்தியஸ்த சபையிலும் காட்டத்தக்க அத்தாட்சியாகிறது. தொகை முழுவதையும் முன்கூட்டியே கொடுத்துவிடாமல், ஒரு பகுதியை விமான நிலைய வாசலில் கொடுப்பதென்று பேசிக்கொள்வது இரு பக்கத்துக்கும் நியாயமான ஏற்பாடு.

பிக்மீ, ஊபர் போன்ற செயலிகள் வந்தபின் இந்தச் சங்கடம் ஓரளவு தணிந்திருக்கிறது. சாரதியின் பெயரும் வண்டி இலக்கமும் மதிப்பிட்ட கட்டணமும் ஏறுமுன்பே கைத்தொலைபேசியில் தெரிகின்றன, வண்டி போகிற வழியை வீட்டிலிருப்பவர்களும் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனால், வந்து நின்ற சாரதி, “அதை கான்சல் பண்ணுங்க, நான் குறைச்சுக் கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லி, பிரயாணியும் அதற்கு இணங்கிவிட்டால், அந்தப் பாதுகாப்பு முழுவதும் அந்த ஒரு தொடுகையோடு மறைந்துபோகிறது. சில நூறு ரூபாய் இலாபத்துக்காக, பயணத்தின் பதிவேட்டையே கிழித்துப் போடுகிற காரியம் அது. செயலியில் கண்ட இலக்கம் ஒன்றும் வந்து நிற்கிற வண்டியின் இலக்கம் வேறொன்றுமாக இருந்தால், எத்தனை அவசரமானாலும் ஏறலாகாது.

பெரும்பாலோர் எண்ணிப் பாராத அபாயம் காப்புறுதியைப் பற்றியது. மூன்றாம் தரப்புக் காப்புறுதியின்றி வண்டி ஓட்டுவதை மோட்டார் வாகனச் சட்டம் தடுக்கிறது என்பதை எல்லோரும் அறிவர்; ஆயினும், சொந்தப் பாவனைக்கென்று காப்புறுதி செய்த வண்டி வேறு, வாடகைக்கு ஓட்டுவதற்கென்று காப்புறுதி செய்த வண்டி வேறு என்ற பேதம் பலருக்குத் தெரியாது. வாடகைக்கு ஓடும் வண்டிக்குத் தவணைப் பணம் அதிகமாகையால், சிலர் அதைச் சொந்தப் பாவனை என்று எழுதிவிட்டு இரவில் ‘எயார்போர்ட் ஹயர்’ ஓடுகிறார்கள். விபத்தென்று ஒன்று நேர்ந்து, வண்டியிலிருந்தவர்கள் கூலி கொடுத்து வந்தவர்கள் என்பது தெரியவந்தால், காப்புறுதி நிறுவனம் கையை விரிக்க இடமுண்டு. கை கால் இழந்தவன் அப்போது சாரதியின் சட்டைப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வருமான அனுமதிப்பத்திரம் முன்கண்ணாடியில் ஒட்டியிருக்கும். கைத்தொலைபேசி வெளிச்சத்தில் அதன் முடிவுத் திகதியைப் பார்க்க அரை நிமிஷமும் ஆகாது. காப்புறுதிப் பத்திரத்தில் வாடகைப் பாவனை என்று இருக்கிறதா என்பதை, வண்டி பேசும்போதே தயக்கமின்றிக் கேட்கலாம். ஒழுங்காகத் தொழில் செய்கிற சாரதி அதற்குக் கோபிப்பதில்லை.

அடுத்தது தூக்கம். வளைகுடா நாடுகளுக்கான விமானங்கள் பல அதிகாலையில் புறப்படுவதால், கண்டியிலிருந்து நள்ளிரவை ஒட்டிக் கிளம்புகிற வண்டிகளே அதிகம். பகல் முழுவதும் நுவரெலியாவுக்கோ சிகிரியாவுக்கோ உல்லாசப் பிரயாணிகளை ஏற்றிச் சென்று திரும்பிய சாரதி, ஒரு பிடி சோறு உண்டு, வெற்றிலையை மென்றுகொண்டு அதே வண்டியில் அமர்வது அபூர்வமான நிகழ்ச்சியன்று. 2025 மே 11ஆம் திகதி விடியற்காலையில், கொத்மலை கெரண்டியெல்லையில் பஸ் ஒன்று பள்ளத்தில் பாய்ந்து 20க்கு மேற்பட்டோர் உயிரிழந்தது நமக்கெல்லாம் நினைவிருக்கிறது; காரணங்களைப் பற்றி எதைச் சொன்னாலும், மலைப்பாதையும் விடியற்காலையும் ஒன்றுசேரும் வேளை மனிதனின் கண்களுக்குக் கடுஞ்சோதனை என்பதில் ஐயமில்லை. “இன்றைக்குப் பகலில் எங்கே போய் வந்தீர்கள்?” என்று சாரதியைக் கேட்பது குறுக்கு விசாரணையன்று. பதினொரு பேர் ஏறிய வேனில் பத்துப் பேரும் உறங்கிவிட்டால், சாரதியின் பக்கத்தில் இருப்பவராவது பேச்சுக்கொடுத்துக்கொண்டு விழித்திருக்க வேண்டும்; அவர் ஆசனப்பட்டியை அணிவது 2011 முதல் சட்டப்படி கட்டாயமும் ஆகும். வழியனுப்பும் பாசத்தினால் ஆசனங்களுக்கு மேற்பட்ட உறவினரை ஏற்றிக்கொள்ளும் நம்மவர் வழக்கத்தையும் இங்கே கண்டிக்காமல் இருக்க முடியவில்லை.

நேரக் கணக்கில் கண்டிக்கு விசேஷமான தொல்லைகள் சில உண்டு. எசல பெரஹரா நாட்களில் மாலையோடு நகர வீதிகள் அடைபடும். 2025 ஏப்ரலில் புனித தந்த தாதுவைத் தரிசிக்க லட்சக்கணக்கானோர் திரண்ட நாட்களில் நகருக்குள் வந்த வண்டி வெளியேற வழியின்றி நின்றது. அதே ஆண்டு நவம்பர் 22ஆம் திகதி பகல கடுகண்ணாவையில் மண்ணும் பாறையும் வீதியோரக் கடையொன்றின் மேல் சரிந்து ஆறு உயிர்களைக் கொண்டுபோயிற்று. கொழும்பு வீதி மூடப்பட்டது. ஒரு வாரத்துக்குள் டித்வா சூறாவளி வந்து மலைநாட்டையே துண்டித்துவிட்டது. மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டறிந்து, தேவையானால் கட்டுகஸ்தோட்டை, கலகெதர, குருநாகல் வழியாகச் செல்லச் சாரதியோடு முன்னரே பேசிக்கொள்வதும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைக் குறித்துக்கொள்வதும் நல்லது. இரவில் மூன்று மணித்தியாலம் போதும் என்று சொல்லப்படுகிற பாதைக்கு ஐந்து மணித்தியாலம் ஒதுக்குகிறவன் பேதையல்லன்.

தனியே போகும் பெண்கள் சாரதிக்குப் பின்னாலுள்ள ஆசனத்தில் அமர்ந்து, வண்டி இலக்கத்தை வீட்டாருக்கு அனுப்பிவிட்டு, கடவுச்சீட்டையும் கைப்பையையும் பின்பெட்டியில் போடாமல் மடியிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். சொல்லாலோ செயலாலோ நேரும் பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக் கோவையின் 345ஆம் பிரிவின்படி குற்றம். 119க்கு அழைத்தால் பொலிசும், 1938க்கு அழைத்தால் பெண்களுக்கான உதவிச் சேவையும் கிடைக்கும். காயம்பட்டால் 1990 அம்புலன்ஸ் இலவசமாக வரும். வேலைக்குப் போகிறவர்களின் சங்கடங்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் இலக்கம் 1989.

பணம் பறிபோனவர்கள் பெரும்பாலும் “போனது போகட்டும்” என்று இருந்துவிடுகிறார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளுக்கு மட்டுமன்றிச் சேவைக்கும் பொருந்தும். ஏமாற்றும் விதமாக நடந்துகொண்ட வியாபாரியைப் பற்றி, சேவை பெற்ற நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் எழுத்துமூலம் முறையிடலாம், 1977 என்ற இலக்கத்தில் விசாரிக்கலாம். தொகை சிறிதானால், 1988ஆம் ஆண்டின் சட்டப்படி இயங்கும் மத்தியஸ்த சபைகள் இருக்கின்றன. சட்டத்தரணிக்குப் பணம் கட்டாமல் இரு தரப்பாரும் நேரில் அமர்ந்து பேசித் தீர்க்கிற இடம் அது. பற்றுச்சீட்டு, வாட்ஸ்அப் செய்தி, வண்டி இலக்கம் இம்மூன்றில் இரண்டேனும் கையில் இருந்தால் வழக்கு நிற்கும்.

கண்டி மாவட்டத்துப் பொலிஸ் நிலையங்களில் நம்மவர்கள் படுகிற இன்னொரு இடர் மொழியினால் வருவது. சொன்ன முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி, கையொப்பமிடச் சொன்னால், அதில் என்ன இருக்கிறதென்று அறியாமலேயே நம் தாய்மார்கள் பெருவிரலைப் பதித்துவிடுகிறார்கள். தமிழும் அரசகரும மொழி என்பது 1987 முதல் அரசியலமைப்பில் உள்ளது. எந்த மாகாணத்திலும் அரச உத்தியோகத்தரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை அதே அரசியலமைப்பு தருகிறது. எழுதியதைத் தமிழில் வாசித்துச் சொல்லும்படி கேட்டு, அது தாம் சொன்னதுதான் என்று தெளிந்தபின்பே கையொப்பமிட்டு, முறைப்பாட்டின் இலக்கத்தை எழுதி வாங்கிக்கொண்டு வரவேண்டும். அன்றைக்கு வரக்காப்பொலையில் பணம் எண்ணிக் கொடுத்த தாய்க்கு இதெல்லாம் தெரிந்திருக்கவில்லை. கூட இருந்த எனக்கும் வண்டியின் இலக்கத்தைக் குறித்துவைக்கத் தோன்றவில்லை.