மலைநாட்டு நடைவழிகளும் அவற்றை வகுத்த கால்களும்

இலங்கையின் மலைநாட்டிலே காட்சி காண்பதற்கென்றே வகுக்கப்பட்ட வழிகள் மிகச் சிலவாம். இன்று இயற்கை எழிலை நாடி வருவோர் நடந்து மகிழும் வழிகளுட் பெரும்பாலானவை வேறு தேவைகளின் பொருட்டு வேறு மக்களாற் சமைக்கப்பட்டவை. திருவடியைத் தரிசிக்க விழைந்த அடியார் ஒரு வழியை இட்டனர். பகைவர் படை புகாவண்ணம் தலைநகரைக் காக்க எண்ணிய மன்னர் சில வழிகளை வேண்டுமென்றே குறுகவிட்டனர். கோப்பி மூட்டையையும் தேயிலைக் கொழுந்தையும் சுமந்த தொழிலாளர் மலைச்சரிவெங்கும் எண்ணிறந்த வழிகளைத் தம் பாதங்களால் வரைந்தனர். ஆகவே இவ்வழிகளின் இயல்பை ஆராய்வது, நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியைக் காலால் நடந்து கற்பதை ஒக்கும்.

வழிகளை அறியுமுன் நிலத்தின் அமைப்பை அறிதல் வேண்டும். தீவின் நடுவே எழும் மலைத்திரள், 2,524 மீற்றர் உயரமுள்ள பீதுருதாலகாலை முடியாகக் கொண்டது. இதன் தென்புறம், மேற்கே சிவனொளிபாதமலை தொடங்கிக் கிழக்கே அப்புத்தளைக்கு அப்பாலும் ஒரு பெருஞ்சுவர்போல் நிமிர்ந்து நிற்கின்றது. வடகிழக்கே தும்பறை மலைத்தொடர் தனித்து விளங்குகின்றது. கைவிரல்களை மடக்கியபோது தோன்றும் முட்டிகளை ஒத்திருத்தலின் ஆங்கிலேய நில அளவையாளர் இதனை ‘நக்கிள்ஸ்’ என அழைத்தனர். ஏறத்தாழ 1,000 மீற்றர் ஏறுந்தோறும் வெப்பம் ஆறு பாகைக்கு மேற் குறைவதால், கடற்கரையில் வியர்த்த ஒருவன் அன்று மாலையே நுவரெலியாவிற் கம்பளியை நாடுகின்றான்.

எக்காலத்தில் எவ்வழியில் நடத்தல் தகும் என்பதை இரு காற்றுக்கள் தீர்மானிக்கின்றன. யாழ்ப்பாணத்தார் சோளகம் என வழங்கும் தென்மேற்குக் காற்று மே முதல் செப்டெம்பர் வரை மலையின் மேற்குச் சரிவில் மோதி மழையைச் சொரிகின்றது. அதே காற்று மலையைக் கடந்து ஊவாப் பக்கம் இறங்கும்போது ஈரமிழந்து வறண்டு விடுகின்றது. ஆதலின் ஹற்றனில் மழை ஓயாத யூலை மாதத்திற் பண்டாரவளையில் வானம் தெளிந்திருத்தல் கூடும். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வாடைக்காற்றோ தும்பறையையும் கிழக்குச் சரிவுகளையும் நனைக்கின்றது. எனவே மேற்கு மலைகளுக்கு ஆண்டின் முதல் நான்கு மாதங்களும், ஊவாவுக்கு ஆண்டின் நடுப்பகுதியும் ஏற்றவையாம்.

இவ்வுண்மையை நூல்வழி அறியாமல் அனுபவத்தால் அறிந்தோர் சிவனொளிபாதமலையின் அடியார்களே. 2,243 மீற்றர் உயரமுள்ள இம்மலைக்கு யாத்திரை செல்லும் பருவம் டிசம்பர் மாதப் பூரணையில் தொடங்கி மே மாதத்து வெசாக் பூரணையுடன் முடிவடைகின்றது. சோளக மழை தொடங்குமுன் அடியார் மலையை விட்டிறங்கி விடுகின்றனர். உச்சியிலுள்ள சுவட்டைச் சைவர் சிவபெருமானுடையது என்பர். பௌத்தர் புத்தருடையது என்பர். இஸ்லாமியரும் கிறித்தவருட் பலரும் ஆதி மனிதனாகிய ஆதாமுடன் இதனைத் தொடர்புபடுத்துவர். நால்வகைச் சமயத்தாரும் ஒரே படியில் ஏறி ஒரே படியில் இறங்குதல் இவ்வழியின் தனிச்சிறப்பாகும்.

இதன் பழமைக்குச் சான்றுகள் உள. பதினோராம் நூற்றாண்டில் அரசு செலுத்திய முதலாம் விசயபாகு மன்னன், யாத்திரிகருக்கு உணவும் தங்குமிடமும் கிடைக்குமாறு அறம் வைத்த செய்தியை அம்பகமுவைக் கல்வெட்டுக் கூறுகின்றது. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்த மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் இபுன் பத்தூத்தா, ஆரியச் சக்கரவர்த்தியின் விருந்தினராயிருந்து, அவர் அளித்த பல்லக்கோடும் துணையாட்களோடும் இம்மலைக்குச் சென்றார். ஆண்டுதோறும் திருவடி தரிசனத்துக்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வரும் அக்கூட்டத்தில் இருந்தனர் என அவர் எழுதியுள்ளார். வட இலங்கை வேந்தரின் அவையோடு தொடர்புடையோர்க்கு அக்காலத்திலேயே இம்மலைவழி பழகியிருந்தது என்பது இதனாற் பெறப்படும். பாறையிற் பிணைத்த இரும்புச் சங்கிலிகளைப் பற்றி ஏறியதையும் அவர் குறித்துள்ளார்.

இக்காலத்திற் பலரும் நாடுவது ஹற்றன் பக்கத்து நல்லதண்ணியிலிருந்து ஏறும் வழி. இது 5,000க்கு மேற்பட்ட படிகளை உடையது. இரத்தினபுரிப் பக்கத்து வழி நீண்டது, கடினமானது, பழமை மிக்கது. இரவில் ஏறி உச்சியில் வைகறையை எதிர்நோக்குவோர், ஞாயிறு எழுந்ததும் மேற்றிசை மூடுபனியின் மீது மலையின் நிழல் செம்மையான முக்கோணமாக விழக் காண்பர். மலையின் வடிவமே இதற்குக் காரணமெனப் பலர் கருதுவர். அஃது அன்று. நேரிய புகையிரதத் தண்டவாளங்கள் இரண்டும் தொலைவில் ஒன்றுகூடுவதுபோலத் தோன்றுமன்றோ? அவ்வாறே நெடுந்தூரம் நீளும் நிழலின் இரு விளிம்புகளும் காண்போர் கண்ணுக்கு ஒரு புள்ளியிற் குவிகின்றன. மலை எவ்வடிவினதாயினும் நிழல் கூர்மையாகவே முடியும்.

அடியாரின் வழி அனைவரையும் வரவேற்க அமைந்தது. கண்டி மன்னரின் வழிகளோ அந்நியரைத் தடுக்க அமைந்தவை. 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்திற் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ், ஒருவர்பின் ஒருவராகவே செல்லத்தக்க ஒடுங்கிய வழிகளையும், அவற்றின் குறுக்கே முட்களாற் புனைந்த காவற் படலைகளையும் பற்றித் தம் நூலில் விரித்துரைத்துள்ளார். வழியின்மையே அரணாயிற்று. 1815இல் கண்டி ஆங்கிலேயர் கைப்பட்டபின் அவர்கள் முதலில் மேற்கொண்ட பெரும்பணிகளுள் ஒன்று வீதி அமைத்தலாயிருந்ததில் வியப்பில்லை.

வீதியைத் தொடர்ந்து கோப்பி வந்தது. 1820களிற் கம்பளைப் பகுதியில் தொடங்கிய பெருந்தோட்டச் செய்கைக்குத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வரவழைக்கப்பட்டனர். கடலைக் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய அவர்கள், மாத்தளை வரை ஏறத்தாழ 150 மைல் தூரத்தைக் காட்டினூடே கால்நடையாகக் கடந்தனர். நீரின்மை, பசி, காய்ச்சல், வாந்திபேதி ஆகியவற்றால் வழியிலேயே மாண்டோர் பலர். மலைநாட்டு நடைவழிகளுள் மிகுந்த துயரம் தோய்ந்தது இதுவே. இதன் பெரும்பகுதி மலையில் இல்லை. எனினும் மலையிலுள்ள தோட்ட வழிகள் யாவும் இதன் கிளைகளேயாம்.

1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு ஈராண்டு முன்னரே, 1867இல், லூல்கந்துரவில் யேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டிருந்தார். கோப்பி மறைந்த இடமெங்கும் தேயிலை பரவிற்று. தோட்டங்களில் இருவகை வழிகள் உண்டாயின. ஒன்று, வண்டி செல்வதற்கெனச் சரிவைச் சுற்றிச்சுற்றி மெல்ல உயரும் தோட்ட வீதி. மற்றொன்று, லயத்திலிருந்து கொழுந்து மலைக்கும், அங்கிருந்து கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கும் செங்குத்தாக ஏறியிறங்கும் குறுக்குப்பாதை. வீதி சக்கரத்தின் வசதியை நோக்கியது. குறுக்குப்பாதை நேரத்தின் நெருக்கடியை நோக்கியது. விடியற்காலையிற் பிரட்டுக்குத் தவறாது சென்று சேரவேண்டியவர்க்கு வளைந்து செல்ல அவகாசமில்லை. தலையிற் கயிறு மாட்டி முதுகிற் கூடை சுமந்த பெண்களின் கால்களே அக்குறுக்குப்பாதைகளைத் தேய்த்து ஆக்கின.

இப்பழைய தோட்ட வழிகளை ஒன்றோடொன்று இணைத்து 2023இல் திறக்கப்பட்டதே ‘பீக்கோ’ நடைவழியாகும். பீக்கோ என்பது தேயிலைத் தரமொன்றின் பெயர். 300 கிலோமீற்றர் அளவினதாகிய இவ்வழி 22 பகுதிகளாக வகுக்கப்பட்டுளது. கண்டியை அடுத்த ஹந்தானையில் தொடங்கிக் கலஹா, லூல்கந்துர, பூண்டுலோயா, நோர்வூட், பொகவந்தலாவை, அப்புத்தளை, எல்ல முதலிய இடங்களைத் தொட்டு நுவரெலியாவில் நிறைவுறுகின்றது. வண்டிக்கென வகுக்கப்பட்ட ஏற்றமாதலின் முதியோரும் மெல்ல நடக்கலாம். ஒரு பகுதியை ஒரு நாளில் நடந்து முடிக்கலாம். புகையிரதம் பல இடங்களிற் கிட்டவே செல்லுதல் மேலும் ஒரு வசதி.

தோட்டம் எட்டாத உயரத்தில் மற்றொரு வகை வழி உளது. 1873இல், தாவரவியலறிஞர் யோசப் ஹூக்கரின் அறிவுரையை ஏற்ற அரசு, 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை அழித்தலைத் தடைசெய்தது. ஹோட்டன் சமவெளி பிழைத்ததற்கு இத்தடை ஒரு முக்கிய காரணம். சிங்கள மக்கள் ‘மகா எலிய’ என வழங்கிய இவ்வுயர்நிலம், ஆங்கிலேயத் தேசாதிபதி ஒருவரின் பெயரைப் பிற்காலத்திற் பெற்றது. 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. 2010இல், சிவனொளிபாதமலைச் சூழற் காடுகளோடும் தும்பறைக் காடுகளோடும் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இங்குள்ள வட்டவழி ஏறத்தாழ 9 கிலோமீற்றர். புல்வெளியையும் முகிற்காட்டையும் கடந்து ‘உலக முடிவு’ எனப்படும் விளிம்பை அடைகின்றது. அங்கே நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் ஆழத்துக்கு அற்று வீழ்கின்றது. இக்காட்சியை விரும்புவோர் காலை ஒன்பது மணிக்குமுன் அங்கு நிற்றல் வேண்டும் என்பர். காரணம் எளிது. வெயில் ஏற ஏறத் தாழ்நிலத்துக் காற்று சூடேறி, மலைச்சுவரைத் தழுவி மேலெழுந்து, குளிர்ந்து முகிலாகி விளிம்பை மறைக்கின்றது. காட்சியைக் கெடுப்பதாகத் தோன்றும் அம்முகிலே அவ்விடத்துக்கு உயிர். பாசி படர்ந்த குறுமரங்கள் முகிலின் நுண்டுளிகளைப் பற்றி நிலத்திற் சொட்டவிடுகின்றன. மகாவலி, களனி, வளவை என்னும் மூன்று கங்கைகளுக்கும் இவ்வுயர்நிலம் ஊற்றிடமாதல் ஈண்டு நினைக்கத்தக்கது.

மலைவழியில் நடப்போர் அறிந்திருக்க வேண்டிய இடரும் உண்டு. சரிவில் வழியை வெட்டியவர், அதன் உட்புறத்திற் கானும் வெட்டினர். மழைநீர் மண்ணுள் இறங்கித் தேங்காமல் வழிந்தோடுதற்கு அக்கானே துணை. கான் தூர்ந்தால் மண் நீரை உண்டு கனத்துப் பிடிப்பை இழக்கின்றது. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லய வரிசைகளை மண் மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாட்டு மாவட்டங்கள் பலவற்றில் மண் சரிந்து பல உயிர்கள் மாண்டன. பெருமழைக் காலத்தில் மலைவழியைத் தவிர்த்தலும், எச்சரிக்கையை மதித்தலும் அறிவுடைமையாகும். அன்றியும், காட்சி காண வருபவன் மழையென்று திரும்பிச் செல்லலாம். சரிவின் கீழ் வீடுடையோன் செல்லுதற்கு இடமில்லை என்பதையும் எண்ணுதல் வேண்டும்.

வழிநடைக்கு உரிய ஒழுக்கம் இவ்வெண்ணத்திலிருந்தே பிறக்கின்றது. கொழுந்து பறிப்போரை அவர் இசைவின்றிப் படம் பிடித்தலும், லயத்து முற்றத்தைப் பொருட்காட்சிபோல் நோக்குதலும் தகாதன. வழித்துணைக்கு அவ்வூர் இளைஞரை அமர்த்துதலும், அவ்வூர்க் கடையில் உணவருந்துதலும், கொண்டு சென்ற குப்பையை மீளக்கொணர்தலும் தக்கன. நடைவழியால் வரும் வருவாய், அவ்வழியைத் தேய்த்து ஆக்கியவரின் வழித்தோன்றல்களுக்கும் சென்று சேர்தல் நீதியாகும். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தாற் குடியுரிமையை இழந்து, 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின்னரே அக்குறை பெரிதும் நீங்கப்பெற்றவர் அவர்.

2023ஆம் ஆண்டு இருவகை நடையைக் கண்டது. ஒன்று மேற்கூறிய பீக்கோ வழியின் திறப்பு. மற்றொன்று, மலையக மக்கள் தம் முன்னோர் வந்து இருநூறு ஆண்டுகள் நிறைந்ததை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மேற்கொண்ட நடைபவனி. முன்னையது காட்சியை நோக்கியது. பின்னையது நினைவையும் உரிமையையும் நோக்கியது. இரண்டையும் சேர்த்து எண்ணும் மாணவனுக்கு, மலைச்சரிவிலே வெண்கோடாகத் தெரியும் ஒற்றையடிப்பாதை வெறும் அழகாக மட்டும் தோன்றாது. அது யாரால், எச்சுமையோடு, எத்தனை தலைமுறை நடந்து ஆக்கப்பட்டது என்பதும் அவனுக்குப் புலனாகும்.