மான்டாக் பாறைகளில் மீன்பிடிக்க எந்த வெட்சூட், எந்தக் காலணி?

போன மாதம் நியூஜெர்சியிலிருந்து மச்சான் கூப்பிட்டான். நாலு வருஷமாக மணற்கரையில் நின்று தூண்டில் போடுகிறவன். இப்போது மான்டாக் போகணுமாம், ராத்திரியில் பாறை மேல் ஏறி நின்று பிடிக்கணுமாம். "மாப்ள, ஒரு வெட்சூட் வாங்கணும். எத்தனை மில்லிமீட்டர் வாங்கலாம்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்றான். எது வாங்கினாலும் முதலில் நான் படித்துச் சொல்லணும், அது எங்கள் வீட்டு ஏற்பாடு. அவனுக்கு நீச்சல் தெரியும். அபார்ட்மென்ட் குளத்தில் நாலு சுற்றுப் போகிற அளவுக்கு. அதனால் இந்தத் தடவை கொஞ்சம் அக்கறையாகவே படித்தேன். படித்தபிறகு, அவன் கேட்ட கேள்வியே இரண்டாவதாக வர வேண்டிய கேள்வி என்று தோன்றியது.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கின் லாங் ஐலண்ட் தீவு கிழக்கே நீண்டுகொண்டே போய் அட்லாண்டிக்கில் முடிகிற முனைதான் மான்டாக். 1796-ல் கட்டி முடித்த கலங்கரை விளக்கம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் காலடியில் கிடக்கிற பெரிய பெரிய உருண்டைக் கற்கள் எல்லாம் பனியுகத்தில் பனிப்பாறை தள்ளிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனவை. சில கற்கள் கரையோடு ஒட்டி இருக்கும், சில கரையிலிருந்து தள்ளி, கழுத்தளவுத் தண்ணீருக்கு அப்பால் தலை காட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கற்களைச் சுற்றி அலை நுரைக்கிற இடத்தில்தான் ஸ்ட்ரைப்டு பாஸ் என்கிற மீன் இரை தேடும். முக்கியமாக இரவில்.

இந்த மீனுக்காக ஆட்கள் என்னென்ன செய்வார்கள் என்பதற்கு ஒரு உதாரணம்: 1982 செப்டம்பர் 21 அன்று அட்லாண்டிக் சிட்டியில், புயல் காற்றடிக்கிற ராத்திரியில், கல் கொட்டிய அலைத்தடுப்பு மேல் நின்று ஆல் மெக்ரெனால்ட்ஸ் என்பவர் 78 பவுண்டு 8 அவுன்ஸ் மீன் ஒன்றைப் பிடித்தார். ஏறக்குறைய முப்பத்தைந்தரை கிலோ. 2011 வரை அதுதான் உலக சாதனை. மச்சான் ஊர்க்காரர் வேறு. இந்தக் கதையை அவன் எனக்கு எத்தனை தடவை சொல்லியிருக்கிறான் என்பது தனிக்கதை.

சரி, உடைக்கு வருவோம். பெரும்பாலானவர்கள் தொடங்குவது வேடர்ஸ் என்கிற உடையில். (வேடர் என்று எழுதினாலே எனக்குக் கண்ணப்பர் ஞாபகம்தான் வருகிறது, மன்னிக்கவும்.) பாதத்திலிருந்து மார்பு வரை நீர்புகாத ஒரே உறை, தோளில் வார் போட்டு மாட்டிக்கொள்வது. உள்ளே சாதாரண உடையோடு காய்ந்தபடி நிற்கலாம். மணற்கரையில் முழங்கால் தண்ணீரில் நிற்க இதைவிட வசதி கிடையாது.

பாறையில் என்ன சிக்கல்? "உள்ளே தண்ணீர் புகுந்தால் கல் கட்டினமாதிரி அடியில் இழுத்துவிடும்" என்று எல்லாரும் சொல்வார்கள். அது சரியில்லை. தண்ணீருக்குள் இருக்கிற தண்ணீருக்கு எடை தெரியாது. உறைக்குள் ஐம்பது லிட்டர் புகுந்தாலும் அது உங்களைக் கீழே இழுக்காது. ஆனால் நீந்த முடியாது, காலை உதைத்தால் அந்த ஐம்பது லிட்டரையும் சேர்த்து உதைக்கணும். அதைவிட மோசம், நீரை விட்டு மேலே ஏற முயலும்போது. அந்தக் கணத்தில் ஐம்பது லிட்டரும் ஐம்பது கிலோவாகிவிடும். அலை ஒன்று பாறையில் அடித்துப் போகிறது, அடுத்தது வர ஏழெட்டு விநாடி. அதற்குள் ஐம்பது கிலோ மூட்டையோடு பாசி பிடித்த கல்லில் ஏறணும் என்று நினைத்துப் பாருங்கள். இடுப்பில் பெல்ட்டை இறுக்கிக் கட்டினால் புகுகிற நீர் குறையும். கட்டாயம் கட்டணும். ஆனால் அது தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது.

வெட்சூட்டின் தர்க்கம் இதற்கு நேர் எதிர். நீரை வெளியே நிறுத்தப் பார்க்காது, நனைந்தே தொலை என்று விட்டுவிடும். அதன் சரித்திரத்திலேயே இது இருக்கிறது. 1950-களின் தொடக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ஹியூ பிராட்னர், அமெரிக்கக் கடற்படையின் முக்குளிப்பவர்களுக்காக யோசித்தபோது பிடித்துக்கொண்ட விஷயம் இதுதான்: சூடாக இருக்க உடம்பு காய்ந்திருக்க வேண்டியதில்லை. காப்பது நுரைக்குள் அடைபட்ட வாயுக் குமிழ்கள். தோலுக்கும் நுரைக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அது நகராமல் இருந்தால் போதும். நியோபிரீன் என்கிற செயற்கை ரப்பர் நுரை இதற்குப் பொருந்தி வந்தது. அந்தக் குமிழ்கள் சும்மா காப்பதோடு நிற்பதில்லை, மிதக்கவும் வைக்கும். பாறையில் மீன்பிடிக்கிறவனுக்கு இந்த இரண்டாவது குணம்தான் பெரிசு.

மில்லிமீட்டர் கணக்கு: 3/2, 4/3, 5/4 என்று எழுதியிருக்கும். முதல் எண் உடம்புப் பகுதியின் தடிமன், இரண்டாவது கை கால்களுக்கு. மான்டாக் கடல் மே தொடக்கத்தில் 10 டிகிரி செல்சியஸ் பக்கத்தில் இருக்கும், ஆகஸ்டில் 21, 22 வரை ஏறும், அக்டோபர் கடைசியில் மறுபடி 15-ஐ ஒட்டி இறங்கிவிடும். மெரினாவில் கால் நனைத்துப் பழகிய நமக்கு இதில் எந்த மாதமும் வெயில் மாதம் இல்லை. ஒரே ஒரு சூட்தான் வாங்க முடியும் என்றால் 4/3. நவம்பர் வரை போகிறவர்களுக்கு 5/4, தலைக்கு நியோபிரீன் முக்காடு.

ஆனால் இந்தத் தடிமன்கள் அலைச்சறுக்குக்காரர்களை மனதில் வைத்துப் போட்டவை, அவர்கள் ஓயாமல் கை வீசிக்கொண்டே இருப்பார்கள். தூண்டில்காரன் நனைந்த உடையோடு பாறை மேல் மணிக்கணக்கில் காற்றில் நிற்பான். துணி ஒட்டிய வெட்சூட்டிலிருந்து ஈரம் ஆவியாகும்போது உடம்புச் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்; மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே வேலைதான். பலபேர் சூட் சரியில்லை என்று இன்னும் தடிமனானதை வாங்கப் போவது இதனால்தான். மேலே கழுத்தும் மணிக்கட்டும் இறுகிய ஒரு மெல்லிய நீர்புகா மேற்சட்டை போட்டால் காற்று நின்றுவிடும், பாதிப் பிரச்சினை தீரும்.

முக்குளிப்பதற்கான சூட்டை வாங்கிவிடாதீர்கள். ஆழத்து அழுத்தத்தில் நசுங்காமல் இருக்க அதன் நுரையைக் கெட்டியாகச் செய்திருப்பார்கள், ராத்திரி முழுக்கத் தூண்டில் வீசினால் தோள் கழன்றுவிடும். அலைச்சறுக்கு சூட்டில் தோள் நன்றாக நீளும், ஆனால் பாறையில் உரசினால் சீக்கிரம் கிழியும். அதனால் பார்க்க வேண்டியது: இரண்டு பக்கமும் துணி ஒட்டியிருக்கிறதா, முழங்காலில் தடித்த பட்டை இருக்கிறதா. பளபளவென்று ரப்பராகவே இருக்கிற சூட் காற்றுக்கு நல்லது, பாறைக்கு ஆகாது. அளவு பார்க்கக் கடையில் குந்தி உட்காருங்கள், கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். முதுகின் கீழ்ப்பகுதியிலோ அக்குளிலோ தொடையிடுக்கிலோ பை மாதிரி இடைவெளி விழுந்தால் அங்கே குளிர்நீர் உள்ளே போய் வந்துகொண்டே இருக்கும். அந்த சூட் எத்தனை மில்லிமீட்டராக இருந்தும் பிரயோஜனம் இல்லை.

இப்போது காலணி. என் கணக்கில் இதுதான் முதல் கேள்வி. விழுந்தபிறகு காப்பாற்றுவது சூட், விழாமல் பார்த்துக்கொள்வது காலணி. எந்த அடிப்பாகம் வேண்டும் என்று தெரிய, பாறையைக் கொஞ்சம் படிக்கத் தெரியணும்.

வட அட்லாண்டிக் பாறைக்கரைகளில் ஓதம் ஏறி இறங்குகிற உயரத்துக்கு ஏற்ப, கல் மேல் பட்டை பட்டையாக நிறம் மாறும். மேலே அலை படாத கல் வெறும் சாம்பல் நிறம். அதற்குக் கீழே, தெறிப்பு மட்டும் படுகிற இடத்தில் கறுப்பாக ஒரு பட்டை, தார் பூசினது போல. பார்க்கிறவர்கள் அதைக் கல்லின் நிறம் என்றே நினைப்பார்கள். அது உயிருள்ள நுண்பாசிப் படலம். நனைந்தால் எண்ணெய் தடவின கண்ணாடிதான். கரையிலிருந்து இறங்குகிறவன் காய்ந்த கல்லில் நடந்த தைரியத்தில் அடுத்த அடியை வைக்கிற இடமும் அதுவே. அதற்கும் கீழே வெள்ளையாகச் சொரசொரவென்று பார்னக்கிள் பட்டை, நம்மூரில் கொட்டலசு என்று சொல்வார்களே, அது. கால் வைக்க இதைப்போல இடம் கிடையாது; ஆனால் விழுந்தால் உள்ளங்கையும் முழங்கால் நியோபிரீனும் கிழியும். அதற்கும் கீழே குமிழ் குமிழாகக் காற்றுப்பை வைத்த பழுப்புக் கடற்பாசி, கல்லே தெரியாமல் மூடிக் கிடக்கும். தூண்டில்காரன் நிற்க விரும்புகிற கல் பெரும்பாலும் இந்தக் கடைசிப் பட்டையில்தான் இருக்கும்.

வெறும் ரப்பர் அடி காய்ந்த கல்லிலும் கொட்டலசிலும் பிடிக்கும். வழுக்குப் படலத்தில் பிடிக்காது, ரப்பருக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு வழவழப்பு வந்துவிட்டால் அது எந்தக் கம்பெனி ரப்பராக இருந்தாலும் ஒன்றுதான். ஃபெல்ட் என்கிற அழுத்திய கம்பளி போன்ற அடி, மெல்லிய படலத்தை இழைகளால் துடைத்துக்கொண்டு கல்லைத் தொடும். ஆற்றுக் கூழாங்கல்லில் அருமையாக இருக்கும். ஆனால் தடித்த கடற்பாசிப் படுக்கை மேல் அதன் இழைகள் கல்லை எட்டவே எட்டாது. இன்னொன்று, ஃபெல்ட் காய நாளாகும், ஒரு நீர்நிலையின் நுண்ணுயிரை இன்னொன்றுக்குத் தூக்கிக்கொண்டு போகும். டிடிமோ என்ற பாசி ஆறுகளில் பரவியதால் நியூசிலாந்து 2008-ல் ஃபெல்ட் அடியைத் தடை செய்தது. அலாஸ்கா 2012-ல் நன்னீர் மீன்பிடிப்பில் தடை செய்தது. கடலுக்கும் ஆற்றுக்கும் ஒரே ஜோடியைப் போடுகிறவர்கள் இதை யோசிக்கணும்.

மான்டாக் மாதிரி இடத்துக்கு டங்ஸ்டன் கார்பைட் முனை வைத்த ஆணிகள்தான். குவார்ட்ஸைவிடக் கடினமான பொருள் அது. பாசியைக் குத்திக்கொண்டு போய்க் கல்லைக் கீறிப் பிடிக்கும். ஒரு குறை உண்டு: வழவழப்பான காய்ந்த கருங்கல்லில் அதே ஆணி ஸ்கேட்டிங் போடும், ஏனென்றால் கல்லைத் தொடுவது நாலைந்து புள்ளிகள் மட்டுமே. அலுமினியப் பட்டை வைத்த அடிகளும் வருகின்றன. அலுமினியம் மெத்தென்ற உலோகம். கார்பைட் கல்லைக் கடிக்கும் என்றால், இங்கே கல் அலுமினியத்தைக் கடிக்கும். காய்ந்த கல்லிலும் நிற்கும், ஆனால் சீக்கிரம் தேயும். ஜப்பானில் பாறைமேல் மீன்பிடிப்பது தனிக் கலையாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே ஃபெல்ட்டும் ஆணியும் கலந்த அடிகள் சாதாரணமாகக் கிடைக்கும். பலவகைக் கல் இருக்கிற கரைக்கு அந்தக் கலப்பு நல்ல சமரசம் என்று எனக்குப் படுகிறது.

ஆணி வைத்த செருப்பை ஷூவுக்கு மேல் வாரால் கட்டிக்கொள்வதும் உண்டு. மலிவு. ஆனால் அலை இழுக்கிற இழுப்பில் வார் நழுவி, செருப்பு ஒரு பக்கமாகத் திரும்பிக்கொள்ளும். கணுக்காலை மூடுகிற பூட்டில் நேரடியாகத் திருகிய ஆணி மேல்.

இங்கேதான் ஒரு முரண் வருகிறது. பாறையில் நிற்க நல்ல பூட் என்பது கனமான, கெட்டியான, ஆணி வைத்த பூட். நீந்த நல்லது வெறும் நியோபிரீன் காலுறை. சூட் இடுப்பையும் தொடையையும் மேலே தூக்கும், பூட் பாதத்தைக் கீழே இழுக்கும், நீரில் நீங்கள் செங்குத்தாக நிற்பீர்கள். மான்டாக்கில் தூரத்துக் கல்லுக்கு நீந்திப் போகிறவர்கள் மல்லாந்து, கோலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, காலை மட்டும் உதைத்துப் போவது இதனால்தான். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பது, நீந்தப் போகிறீர்களா இல்லையா என்பதைப் பொறுத்தது. மச்சான் விஷயத்தில் பதில் சுலபம்: அவன் நீந்திப் போகக் கூடாது. கரையோடு ஒட்டிய கல்தான். ஆகவே கனமான பூட், பக்கவாட்டில் நீர் வடிகிற துளை இருக்கணும். உள்ளே நியோபிரீன் காலுறை போடுவதால் ஒரு சைஸ் பெரிது.

விழுந்தால் என்ன ஆகும் என்பதையும் அவனுக்கு எழுதினேன். குளிர்நீர் ஆய்வாளர் கோர்டன் கீஸ்பிரெக்ட் பிரபலப்படுத்திய 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. பனிக்குளிர் நீரில் முதல் ஒரு நிமிஷம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது, அதை அடக்கணும். அடுத்த பத்து நிமிஷம் கை கால் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஒரு மணி நேரம் வரை ஆகும். வெட்சூட் இந்த மூன்றையுமே உங்களுக்குச் சாதகமாக மாற்றும். அந்த நேரத்தை விழுந்த கல்லிலேயே திரும்ப ஏறுவதில் செலவழிக்கக் கூடாது, அலை உங்களை அதே கல்லில் அடிக்கும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி வெளியே போய், மிதந்துகொண்டே மணல் தெரிகிற கரையைத் தேடணும். வேடர்ஸில் இது ஏறக்குறைய நடக்காத காரியம். சூட் மிதக்கிறதே என்று மிதவைச் சட்டையை விட்டுவிடவும் கூடாது. தலையில் அடிபட்டால் சூட் முகத்தை மேலே வைக்காது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் பாறைத் தூண்டில்காரர்களுக்கு, அறிவிக்கப்பட்ட பகுதிகளில், மிதவைச் சட்டையைக் கட்டாயமாக்க 2016-ல் தனிச் சட்டமே போட்டார்கள்.

மச்சானுக்கு நான் அனுப்பிய வரிசை இது: முதலில் ஆணி பூட், அப்புறம் மெல்லிய மிதவைச் சட்டை, மூன்றாவதாக 4/3 சூட், காசு மிச்சமிருந்தால் மேற்சட்டை. ஒவ்வொரு தடவையும் நல்ல தண்ணீரில் அலசு, இல்லையென்றால் உப்பு ஆணித் திருகைத் தின்றுவிடும். எந்தக் கல் என்பதைப் பகலில், நீர் வற்றியிருக்கும்போது போய்ப் பார்த்து வை. ராத்திரி போவது அதற்கப்புறம். தனியாகப் போகவே போகாதே.

"சூட் மூணாவதா?" என்று கொஞ்சம் முணுமுணுத்தான். பிறகு பூட் ஆர்டர் பண்ணிவிட்டதாக மெசேஜ் வந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை மான்டாக்கில் வற்றம் எத்தனை மணிக்கு என்று பார்த்துச் சொல்லணுமாம், அதுவும் என் வேலைதான்.