துருவேறிய ஹெரால்டும் அதன் ஜீர்ணோத்தாரணமும்

சென்னைக்குத் தெற்கே வண்டலூர், பெருங்களத்தூர்ப் பகுதியில் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்ட் கம்பெனியாருடைய கூட்டுறவோடு நடந்துவந்த தொழிற்சாலையிலிருந்து 1961ஆம் ஆண்டு முதல் வெளிவந்து, ஒரு தலைமுறைக்காலம் நம் ஊர்களின் டாக்டர்களையும் வக்கீல்களையும் கல்லூரி ஆசிரியர்களையும் சுமந்து திரிந்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்னும் சிறிய மோட்டார் வண்டி, இன்று பெரும்பாலும் பழைய வீடுகளின் கொல்லைப்புறத்துக் கொட்டகைகளிலேதான் காணக்கிடைக்கிறது. டயர்களில் காற்றில்லை, கண்ணாடியின் ரப்பர் வெடித்திருக்கிறது, கதவுகளின் அடியோரத்தில் பெயிண்ட் கொப்பளித்துத் தகடு பொரிந்து உதிர்கிறது. தகப்பனாரோ பாட்டனாரோ ஓட்டிய அந்த வண்டியைச் சீர்ப்படுத்துவதா, அல்லது காயலான் கடைக்காரரைக் கூப்பிட்டு எடையில் போட்டுவிடுவதா என்ற கேள்வி, வீட்டை இடித்துக் கட்டும்போதோ பாகப்பிரிவினையின்போதோ தவறாமல் எழுகிறது. பாசத்தைக் கேட்டால் ஒரு விடையும் பணப்பையைக் கேட்டால் வேறொரு விடையும் வரும். வண்டியையே கேட்டறியும் வழியொன்று உண்டு. அதற்கு ஹெரால்ட் எப்படிக் கட்டப்பட்டது, இரும்பு எப்படி அழிகிறது என்ற இரண்டு விஷயங்கள் தெரிந்திருக்கவேண்டும்.

ஹெரால்டின் பூர்விகம் இங்கிலாந்திலுள்ள காவென்ட்ரி நகரம். 1959ஆம் ஆண்டில் ஸ்டாண்டர்ட் கம்பெனியார் அதை ட்ரையம்ஃப் ஹெரால்ட் என்ற பெயரோடு அங்கே வெளியிட்டார்கள்; அதன் உருவத்தை வரைந்து கொடுத்தவர் இத்தாலி தேசத்து டூரின் நகரத்தைச் சேர்ந்த ஜியோவன்னி மிக்கலாட்டி. அக்காலத்தில் மற்றக் கம்பெனிகளெல்லாம், அடிச்சட்டம் வேறு உடல் வேறு என்றிருந்த பழைய முறையை விட்டு, தகடுகளை ஒன்றோடொன்று பற்றவைத்து அந்த உடலையே சட்டமாகவும் ஆக்கிக்கொள்ளும் புதிய முறைக்குப் போய்க்கொண்டிருந்தன. ஆனால் ஸ்டாண்டர்ட் கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ என்ற ஸ்தாபனத்தை அதன் போட்டியாளரான பி.எம்.சி. கம்பெனி 1953ஆம் ஆண்டிலேயே விலைக்கு வாங்கிவிட்டபடியால், முழு உடலை ஒரே இடத்தில் செய்து தருவாரைக் காணாமல், ஸ்டாண்டர்ட் கம்பெனியார் உடலைப் பல துண்டுகளாகப் பகுத்து, துண்டுகளை வெவ்வேறு பட்டறைகளில் செய்வித்து, சேஸிஸ் என்று நம் மெக்கானிக்குகள் சொல்லும் தனி அடிச்சட்டத்தின் மேல் போல்ட்டுகளால் முடுக்கிக்கொள்ளத் தீர்மானித்தார்கள். வண்டிகளைப் பாகம்பாகமாகக் கப்பலேற்றி அயல்நாடுகளில் கூட்டிக்கொள்வதற்கும் அந்த அமைப்பு மிகவும் வாய்ப்பாக இருந்தது.

நிர்ப்பந்தத்தில் பிறந்த இந்த ஏற்பாடுதான் அறுபது ஆண்டுகள் கழித்து ஹெரால்டின் சொந்தக்காரருக்குப் பெரும் அனுகூலமாய் முடிந்திருக்கிறது. சுவர்களே கூரையைத் தாங்கும் வீட்டில் ஒரு சுவர் அரித்தால் வீடு முழுவதற்கும் ஆபத்து. தூண்களின் மேல் நிற்கும் வீட்டிலோ, தூண்கள் உறுதியாயிருக்கும் வரையில், எந்தச் சுவரையும் இடித்துக் கட்டலாம். ஹெரால்டில் தூண்களின் ஸ்தானம் சேஸிஸுக்கு உரியது. முன்மூடியும் இரண்டு மட்கார்டுகளும் ஒரே உருவமாய் முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதால், மெக்கானிக் முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்துகொண்டு என்ஜினில் வேலை செய்யலாம். இரண்டு கதவு ஹெரால்டில் கூரையையும் போல்ட்டுகளைக் கழற்றி எடுத்துவிடலாம். கதவுக்குக் கீழே ஓடும் நீளத் தகடு, மற்றச் சிறு கார்களில் வண்டியின் பாரத்தைத் தாங்கும் உறுப்பு. ஹெரால்டிலோ அது பெரும்பாலும் அலங்காரத்துக்கே உரியது. ஆகையால் வேறு வண்டிகளில் மரணக்குறியாகக் கொள்ளவேண்டிய துரு, ஹெரால்டில் சாதாரண டிங்கரிங் வேலையோடு தீர்ந்துபோவதும் உண்டு.

இனி, துருவைப் பற்றி. இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடினால் துரு உண்டாகும் என்பது பள்ளிக்கூடப் பாடம். அந்தப் பாடத்தில் பெரும்பாலும் விட்டுப்போகும் ஒரு நுட்பம் இந்த விசாரணைக்கு மிகவும் முக்கியமானது. சுத்தமான இரும்புத் தகட்டின் மேல் உப்புநீர்த் துளி ஒன்றை வைத்துக் கவனித்தால், துளியின் விளிம்பில் காற்று எளிதாகப் படுகிறபடியால் பிராணவாயு அங்கே மிகுதி. துளியின் நடுவிலோ குறைவு. இந்த வேற்றுமையினால் தகட்டில் மிகச் சிறிய மின்னோட்டம் ஒன்று ஏற்பட்டு, பிராணவாயு குறைந்த நடுவிடத்தில்தான் இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பு சற்று விலகி வந்து, பிராணவாயுவைச் சந்திக்கும் இடத்திலே செந்நிறப் பொடியாகப் படிகிறது. அதாவது, துரு தெரியும் இடம் ஒன்று, இரும்பு தேயும் இடம் மற்றொன்று. காரில் இரண்டு தகடுகள் ஒன்றன்மேலொன்று படிந்து பற்றவைக்கப்பட்ட இடுக்குகளில் நீர் புகுந்தால் இதே காரியம் நடக்கிறது. வெளியோரத்தில் மெல்லிய செங்கோடு மாத்திரம் தெரியும். உள்ளே தகடு காகிதமாய் மெலிந்திருக்கும்.

அலுமினியத்தின் மேல் உண்டாகும் ஆக்ஸைடு உலோகத்தோடு இறுகப் பற்றி அதற்குக் கவசமாகிவிடுகிறது. இரும்பின் துருவோ, தான் பிறந்த இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, உப்பி, அடுக்கடுக்காய் உதிர்ந்து, அடியிலுள்ள புது இரும்பை மறுபடியும் காற்றுக்கும் நீருக்கும் திறந்துவிடுகிறது. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவிகிதத்தைத் தாண்டினாலே இந்த வேலை விரைவுபடும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஈரமும் மிகுதி, அதோடு உப்பும் சேர்கிறது. உப்பு கரைந்த நீர் மின்னோட்டத்துக்கு நல்ல பாதை. கோயம்புத்தூர்ப் பக்கத்தில் உலர்ந்த கொட்டகையில் நின்ற வண்டியையும், மயிலாப்பூரில் மரத்தடியில் நின்ற வண்டியையும் ஒரே வயதென்று எண்ணி ஒரே விதமாக மதிப்பிடலாகாது.

பரிசோதனையைப் பகல் வெளிச்சத்தில், கையில் ஒரு காந்தத்துண்டு, மெல்லிய துணி, நீண்ட ஸ்க்ரூடிரைவர், சிறு சுத்தியல் இவற்றோடு தொடங்கவேண்டும். காந்தத்தைத் துணியில் சுற்றி உடல் முழுவதும் மெதுவாக நகர்த்தினால், இரும்புள்ள இடத்தில் அது பற்றி இழுக்கும். பழைய டிங்கர் ஓட்டையின் மேல் பட்டி வைத்துப் பூசி மறைத்த இடத்தில் பிடிப்பின்றி நழுவும். பிறகு கால் வைக்கும் மிதியடியை விலக்கிப் பார்க்கவேண்டும். மிதியடியின் கீழே நார்ப்பஞ்சு பல மழைக்காலங்களின் ஈரத்தைக் குடித்துக் கறுத்துக் கிடக்கும். அதை வழித்தெடுத்துவிட்டு ஸ்க்ரூடிரைவரின் முனையைத் தளத்தகட்டில் அழுத்தினால், நல்ல தகடு அதை எதிர்த்து நிற்கும், கெட்ட தகடு மொறுமொறுவென்ற ஓசையோடு வழிவிட, முனை தரையைத் தொடும். இதைக் கண்டு மனம் தளர வேண்டியதில்லை. தளத்தகட்டை வெட்டியெடுத்துவிட்டுப் புதுத் தகட்டைப் பற்றவைக்க நல்ல டிங்கருக்குத் தெரியும்.

மனம் தளரவேண்டிய இடம் அதற்கும் கீழே இருக்கிறது. வண்டியை ஜாக்கி வைத்து உயர்த்தி, முட்டுக்கட்டை கொடுத்த பின்னரே அடியில் நுழைந்து, சேஸிஸின் இரண்டு நீளத் தண்டுகளையும், அவற்றிலிருந்து பக்கங்களுக்கு நீண்டு உடலைத் தாங்கும் குறுக்குக் கைகளையும், பின்சக்கரங்களுக்குக் குறுக்கே செல்லும் பட்டை ஸ்பிரிங்கைச் சுற்றியுள்ள இடத்தையும் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டிப் பார்க்கவேண்டும். உறுதியான இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துரு நிறைந்த இரும்பு மந்தமாகச் சத்தமிடும். குறுக்குக் கைகள் மாத்திரம் அரித்திருந்தால் அவற்றை மாற்றலாம். நீளத் தண்டுகளே பல இடங்களில் பொத்திருந்தாலோ, விபத்தில் கோணியிருந்தாலோ, அந்த வண்டியைச் சாலைக்குக் கொண்டுவரும் எண்ணத்தை விட்டுவிடுவதே உத்தமம் என்பது என் திடமான அபிப்பிராயம். பளபளக்கும் பெயிண்டும் உறுமும் என்ஜினும் அந்தக் குறையை ஈடுசெய்ய மாட்டா.

மற்றொரு சிறிய உறுப்பையும் இங்கே குறிப்பிடாமல் விட மனம் வரவில்லை. முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, ட்ரன்னியன் என்னும் பித்தளை நிறமுள்ள குமிழுக்குள் மரையோடு இறங்கியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையில் சுழல்கிறது. இந்த இடத்துக்குக் கெட்டியான கியர் எண்ணெயை விடவேண்டுமென்பது வண்டியைச் செய்தவர்களின் விதி. மற்ற வண்டிகளுக்குக் கிரீஸ் அடித்துப் பழகிய பட்டறைகளில் இதற்கும் கிரீஸே அடிக்கப்பட்டது. கிரீஸ் காலப்போக்கில் உலர்ந்து இறுகும்; மரைக்குள் நீர் புகும்; இரும்புத் தண்டு மரையின் பள்ளங்களில் அரித்து, ஒருநாள் திருப்பத்தில் முறிந்து, சக்கரம் வண்டிக்கடியில் மடங்கிவிடும். 25 அடி விட்டத்துக்குள் வட்டமடித்துத் திரும்பிவிடக்கூடிய இந்த வண்டியில், அந்தத் திருப்பத்தின் பாரம் முழுவதும் விழுவது இந்த மரையின் மேலேதான். ஆகையால், நெடுநாள் நின்ற ஹெரால்டை மீட்க உத்தேசிப்பவர், வெளித்தோற்றம் எவ்வளவு நன்றாயிருந்தாலும், ட்ரன்னியனையும் தண்டையும் கழற்றிப் பார்க்காமல் ஒரு மைல்கூட ஓட்டலாகாது.

என்ஜினைப் பற்றி அதிகம் கவலைப்படவேண்டியதில்லை. 948 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் நான்கு சிலிண்டர்களும் கொண்ட அது எளிய யந்திரம். நம் லேத் பட்டறைகளுக்கு அடங்காத வேலை அதில் அபூர்வம். இறுகிப்போயிருந்தால் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, துளைகளில் மெல்லிய எண்ணெயை விட்டுச் சில நாட்கள் ஊறவைத்து, பிறகு கடைசி கியரில் போட்டு வண்டியை மெள்ளத் தள்ளிப் பார்க்கவேண்டும். ஆத்திரப்பட்டு பாட்டரியை மாட்டி ஸ்டார்ட்டரை ஓட்டினால், பிழைக்கக்கூடிய பிஸ்டன் வளையமும் ஒடியும். பிரேக்கின் ரப்பர்களையும் குழாய்களையும் பரிசோதிக்காமலே மாற்றிவிடலாம். பெட்ரோல் குழாய்களும் அப்படியே. இக்காலத்துப் பெட்ரோலில் கலந்துவரும் எத்தனால் பழைய ரப்பரைக் கெடுப்பதோடு ஈரத்தையும் இழுத்து டாங்கில் சேர்த்துவிடும்.

உதிரி பாகங்கள் விஷயத்தில் ஹெரால்டின் பாக்கியம் விசேஷமானது. அதன் சேஸிஸைக் குறுக்கிச் செய்யப்பட்ட ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1980 வரையில் இங்கிலாந்தில் உற்பத்தியாகிவந்தது. அதை நேசிப்போர் அங்கே இன்றும் அநேகர். ஆகையால் ட்ரன்னியன் முதலிய பல உறுப்புகள் இன்றைக்கும் புதிதாகச் செய்து விற்கப்படுகின்றன. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய சாமான் கடைகளில் பொறுமையோடு தேடினால் வேறு சில அகப்படலாம். ஆனால் 1968 முதல் வந்த நான்கு கதவு மார்க் த்ரீ வண்டி நம் நாட்டுக்கே உரியது. காவென்ட்ரியில் அப்படி ஒன்று செய்யப்பட்டதே இல்லை. அதன் பின்கதவுகளும் அவற்றைச் சார்ந்த தகடுகளும் உலகத்தில் வேறெங்கும் கிடைக்கமாட்டா. அவை கெட்டிருந்தால், கையால் தட்டி உருவாக்கவல்ல டிங்கரைக் கண்டுபிடித்த பிறகே மேற்கொண்டு யோசிக்கவேண்டும். அதே காரணத்தால், ஓரளவு நல்ல நிலையிலுள்ள நான்கு கதவு வண்டியைக் காப்பாற்றும் கடமை நமக்குத்தான் இருக்கிறது. நாம் விட்டுவிட்டால் அதைக் காப்பாற்ற அயலார் எவரும் வரப்போவதில்லை.

பத்திரங்களும் உடலுக்குச் சமமான முக்கியத்துவம் உடையவை. ஆர்.சி. புத்தகத்திலுள்ள சேஸிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் வண்டியிலுள்ளவற்றோடு பொருந்தவேண்டும். 50 ஆண்டுகளைக் கடந்த வண்டிகளுக்கு 2021ஆம் ஆண்டில் மத்திய அரசு தனி விதிகளை வகுத்திருக்கிறது. அவற்றின்படி புதிதாகப் பதிவு செய்ய 20,000 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகள் செல்லும். கண்காட்சி, பழங்கார் ஊர்வலம் முதலியவற்றுக்கு ஓட்டலாம், அன்றாடப் பிரயாணத்துக்குக் கூடாது. சேஸிஸையோ உடலையோ என்ஜினையோ கணிசமாக மாற்றியமைத்த வண்டி இந்தச் சலுகைக்கு உரியதாகாது என்பதால், வேறு காரின் என்ஜினைப் பொருத்தி ஓட்டிவிடலாமென்று சிலர் சொல்லும் யோசனையைத் தள்ளிவிடுவது நலம்.

செலவில் பெரும்பங்கைத் தகட்டுவேலையும் பெயிண்டும் விழுங்கிவிடும். விற்றால் அந்தப் பணம் பெரும்பாலும் திரும்பாது. இதை உணர்ந்து, சேஸிஸ் உறுதியாகவும் பத்திரங்கள் நேராகவும் இருந்து, பட்டறை வேலை இழுத்தடித்தாலும் சகிக்கும் மனமும் உடையவர் துணிந்து இறங்கலாம். எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கழற்றிப் போடுவது மாத்திரம் வேண்டாம். உடல் ஓர் ஊரிலும் என்ஜின் ஓர் ஊரிலுமாகச் சிதறிப்போன வண்டிகள் மறுபடி கூடுவது அரிது. உடலைத் தூக்குமுன் கதவு இடைவெளிகளுக்குக் குறுக்கே இரும்புக்கம்பி பற்றவைத்துக்கொள்ளாவிட்டால், உடல் வளைந்து, பிறகு எந்தக் கதவும் சரியாக மூடாது. முழு ஜீர்ணோத்தாரணத்துக்கு வசதியில்லாதவர், துருவைச் சுரண்டி, பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்தைப் பூசி, ரெட் ஆக்ஸைடு அடித்து, பழைய பெயிண்டை அப்படியே வைத்துக்கொண்டு, பிரேக்கையும் ட்ரன்னியனையும் மாத்திரம் புதுப்பித்து ஓட்டலாம். எனக்கு இந்த மிதமான வழியே பெரிதும் உவப்பானது. சேஸிஸ் கெட்ட வண்டியை, உறுப்புகளுக்காக ஏங்கும் மற்றொரு ஹெரால்ட்காரருக்குக் கொடுத்துவிடுவதும் நல்ல முடிவே.

எந்த முடிவையும் உடனே எடுக்க இயலாதவர்கள், வருகிற ஐப்பசி மழைக்கு முன்பாக ஒரு காரியம் மாத்திரம் செய்யவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். வண்டியை மண்தரையிலிருந்து நகர்த்திக் கருங்கல் அல்லது சிமெண்டுத் தளத்தின் மேல் முட்டுக்கொடுத்து நிறுத்துங்கள், ஈரமான மிதியடிகளை வெளியே எடுத்தெறிந்து, கதவுகளின் அடியிலுள்ள நீர்த்துளைகளில் அடைத்த மண்ணைக் குச்சியால் குத்திவிடுங்கள், மேலே கூரை இருக்கட்டும், ஆனால் பிளாஸ்டிக் தாளால் போர்த்த வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைக்கும், ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்துப் பத்திரப்படுத்துங்கள்.